செர்னோபில்: நூலகர்கள் பதக்கம் தந்த நூலும் அதற்குப் பக்கத்தில் நிற்கும் மூன்றும்

அமெரிக்க நூலகச் சங்கம் 2012 முதல் ஆண்டுதோறும் இரண்டு கார்னகி பதக்கங்களை வழங்கி வருகிறது. ஒன்று புனைவுக்கு, மற்றொன்று அபுனைவுக்கு. நூலகத் துறையினரே படித்து முடிவெடுக்கும் விருது என்பதால் ஆண்டின் பரிந்துரைப் பட்டியல்களில் அதற்குத் தனி மதிப்பு. 2020இல் அபுனைவுப் பதக்கம் ஆடம் ஹிக்கின்பாதம் எழுதிய 'மிட்நைட் இன் செர்னோபில்' நூலுக்குக் கிடைத்தது. அது வெளிவந்த 2019இலேயே 1986இல் சோவியத் உக்ரைனின் செர்னோபில் அணுமின் நிலையத்தில் உலை வெடித்த அதே விபத்தைப் பற்றிக் கேட் பிரவுன் எழுதிய 'மேனுவல் ஃபார் சர்வைவல்' வந்தது. அதற்கு முந்தைய ஆண்டு செர்ஹி ப்ளோகியின் 'செர்னோபில்' வந்து, பிரிட்டனின் பெய்லி கிஃபர்ட் பரிசைப் பெற்றிருந்தது. இந்த மூன்றுக்கும் இருபது ஆண்டுகளுக்கு முன்பே ஸ்வெத்லானா அலெக்சியேவிச் 1997இல் எழுதிய வாய்மொழித் தொகுப்பு இருக்கிறது.

நூலக அடுக்கில் இவை நான்கும் வழக்கமாகப் பக்கத்தில் பக்கத்தில்தான் நிற்கும். எதை எடுத்தாலும் ஒன்றுதான் என்று நினைத்து எடுத்துப்போகும் வாசகர் பாதியில் ஏமாந்து திருப்பித் தருவார். உலை ஏன் வெடித்தது என்று தெரிந்துகொள்ள வந்தவர் கையில் அலெக்சியேவிச் சிக்கினால் விடை கிடைக்காது. கதிர்வீச்சால் எத்தனை பேர் நோயுற்றார்கள் என்று தேடுபவருக்கு ஹிக்கின்பாதம் போதாது.

முதலில் ஒரு சோதனை. செர்னோபில் பற்றிய எந்த நூலை எடுத்தாலும், அது 1986 அறிக்கையைப் பின்பற்றுகிறதா, 1992 அறிக்கையைப் பின்பற்றுகிறதா என்று பாருங்கள். விபத்து நடந்த ஆண்டு ஆகஸ்டில் சோவியத் குழு வியன்னாவில் கொடுத்த விளக்கத்தை வைத்து, பன்னாட்டு அணுசக்தி முகமையின் ஆலோசனைக் குழு முதல் அறிக்கையை எழுதியது. பழி முழுக்க, உலையை இயக்கிய பணியாளர்களான இயக்குநர்கள் தலையில் விழுந்தது. 1992இல் அதே குழு வெளியிட்ட இன்சாக்-7 என்னும் அறிக்கை அந்தக் கணக்கைத் திருத்தியது: உலையின் வடிவமைப்பிலேயே குறை இருந்தது, அதை இயக்குநர்களுக்கு யாரும் சொல்லவில்லை, மீறப்பட்டதாகச் சொன்ன விதிகளில் சில அப்போது விதிகளாகவே இல்லை. 1992க்கு முன் எழுதப்பட்ட நூல்களில் துணைத் தலைமைப் பொறியாளர் தியாத்லோவ் ஒருவரே வில்லனாக வருவதற்குக் காரணம் இதுதான். இணையத்தில் இன்றும் உலவும் பல கட்டுரைகள் அந்தப் பழைய கணக்கையே திரும்பச் சொல்கின்றன.

இந்தச் சோதனையில் ஹிக்கின்பாதம் முழு மதிப்பெண் பெறுகிறார். செர்னோபிலில் இருந்த ஆர்.பி.எம்.கே. வகை உலையில் நியூட்ரானின் வேகத்தைத் தணிப்பது கிராஃபைட். சூட்டை எடுத்துச் செல்வது நீர். நீர் கொஞ்சம் நியூட்ரானை விழுங்கவும் செய்யும். ஆகவே நீர் ஆவியாக ஆக, விழுங்குவது குறைந்து, அணுத் தொடர்வினை கூடும். மின்சாரம் நின்றுபோனால், சுழன்று ஓயும் டர்பைனின் வேகமே நீர்ப்பம்புகளைச் சிறிது நேரம் ஓட்டுமா என்று பார்க்கும் சோதனையை, விபத்து நடந்த அன்றிரவு 700 முதல் 1000 மெகாவாட் வெப்பத்திறனில் நடத்தத் திட்டம். ஆனால் கீவ் மின்பகிர்வு மையம் கேட்டுக்கொண்டபடி சோதனை ஒன்பது மணி நேரம் தள்ளிப்போய், தயாராக இருந்த பணிக்குழு வீட்டுக்குப் போய்விட்டது. பிறகு திறன் 30 மெகாவாட் வரை சரிந்தது. நியூட்ரானை விழுங்கும் செனான் வாயு சேர்ந்து உலையை அமுக்க, இயக்குநர்கள் வினையை அடக்கிவைக்கும் கட்டுப்பாட்டுக் கோல்களை ஒவ்வொன்றாக வெளியே இழுத்து 200 மெகாவாட்டுக்குக் கொண்டுவந்தார்கள். கோல்களின் அடியில் 4.5 மீட்டர் நீளத்துக்குக் கிராஃபைட் பகுதி உண்டு. அதற்குக் கீழே 1.25 மீட்டர் நீர். உலையை நிறுத்தும் ஏ.இசட்-5 பொத்தானை அழுத்தியதும் வெளியே இழுத்திருந்த கோல்கள் சேர்ந்து இறங்கின. இறங்கிய கிராஃபைட், அடியில் இருந்த நீரை வெளியே தள்ளியது. நிறுத்த வேண்டிய பொத்தான் முதல் சில நொடிகளுக்கு அடிப்பகுதியில் வினையைக் கூட்டியது. கோல்கள் முழுமையாக இறங்க 18 நொடி வேண்டும்; அவ்வளவு நேரம் கிடைக்கவில்லை.

இதைப் பொறியியல் படிக்காதவருக்கும் புரியும்படி, கதையின் ஓட்டம் அறுபடாமல் சொல்வதுதான் இந்த நூலின் பெரும் சாதனை. 1983இல் லித்துவேனியாவில் இதே வகையான இக்னாலினா உலையைத் தொடங்கியபோதே இதே கோல் விளைவு கவனிக்கப்பட்டது என்பதையும் அது உரிய இடத்தில் வைத்துச் சொல்கிறது. செர்னோபில் நிலையத்தின் தலைவராக இருந்த புருகானோவை நூலாசிரியர் நேரில் கண்டு பேசியிருக்கிறார். குறை என்றால், பெயர்கள். ரஷ்ய, உக்ரைனியப் பெயர்கள் கூட்டமாக வருவதால் ஐம்பது பக்கத்துக்குள் குழப்பம் வந்துவிடும். தொடக்கத்தில் உள்ள பாத்திரப் பட்டியலை நகலெடுத்துக் கையில் வைத்துக்கொண்டு படிப்பது நல்லது. மின்னூலில் படித்தால் முன்னும் பின்னும் போவதே வேலையாகிவிடும். இன்னொரு குறை பெரியது: உடல்நலம் பற்றிய பகுதி சுருக்கம்.

ப்ளோகி வரலாற்றுப் பேராசிரியர், ஹார்வர்டில் இருப்பவர். அவருடைய கேள்வி, இதை நடக்கவிட்ட அரசு எது என்பது. 1986 பிப்ரவரி–மார்ச்சில் நடந்த சோவியத் கட்சியின் 27ஆவது மாநாட்டிலிருந்து தொடங்குகிறார். உற்பத்தி இலக்கு, ஒப்பந்தத் தாமதம், மாஸ்கோவுக்கும் கீவுக்கும் இடையிலான அதிகாரச் சிக்கல் என்று ஒவ்வொன்றாக அவிழ்க்கிறார். நிலையத்துக்குப் பக்கத்து நகரமான பிரிப்யாத்தின் மக்கள் ஏப்ரல் 27 பிற்பகல்தான் வெளியேற்றப்பட்டார்கள். வெளியுலகுக்கு அறிவிப்பு 28 இரவு. மே தின ஊர்வலம் கீவில் வழக்கம்போல் நடந்தது. இந்தத் தாமதங்களை யார் யார் எந்த அச்சத்தில் செய்தார்கள் என்பதை இவரளவு தெளிவாக மற்ற மூவரும் காட்டவில்லை. விபத்திலிருந்து உக்ரைனின் சூழல் இயக்கம், அங்கிருந்து 1991 டிசம்பர் 1 உக்ரைன் விடுதலை வாக்கெடுப்பு என்று இழுத்துச் செல்லும் கோடும் இவருடையதே. உலை இயற்பியலில் மட்டும் ஹிக்கின்பாதமுக்குப் பின்தான் நிற்கிறார். சோவியத் அரசியலில் ஆர்வம் இருப்பவருக்கு இதுவே முதல் நூல்.

கேட் பிரவுனின் நூலைப் பற்றித்தான் நிதானமாகப் பேச வேண்டும். மற்றவர்கள் வெடிப்பையே மையமாக வைத்துச் சொல்லும் கதையை அவர் அதன் பின்விளைவுகளிலிருந்துதான் ஆரம்பிக்கிறார். சுகாதாரத் துறைக் கோப்புகள், வேளாண் கோப்புகள், வட்டார ஆவணக் காப்பகங்கள் என்று தோண்டுகிறார். செர்னிஹிவ் கம்பளித் தொழிற்சாலையில் கதிர்வீச்சுப் படிந்த ஆட்டு ரோமத்தைக் கையால் பிரித்த பெண்கள், பின்னாளில் விபத்துக்குப் பின் கதிர்வீச்சு மாசை அகற்றிய பணியாளர்களுக்கான சலுகையைக் கோரிய கோப்பு அப்படிக் கிடைத்ததே. மாசுபட்ட இறைச்சியை நல்ல இறைச்சியோடு கலந்து சாசேஜ் ஆக்கிவிடச் சொன்ன அறிவுறுத்தலும் அப்படித்தான் வெளிவருகிறது. உக்ரைன்–பெலாரஸ் எல்லையில் உள்ள பொலேசியா பகுதியின் சதுப்பு மண்ணில் கனிமம் குறைவு. பொட்டாசியம் கிடைக்காத செடி சீசியத்தை உறிஞ்சிக்கொள்ளும். அதை மேயும் பசுவின் பாலில் அது ஏறும். அயோடின்-131இன் அரை ஆயுள் 8 நாள், சீசியம்-137க்கு ஏறக்குறைய 30 ஆண்டு. முதல் வாரங்களில் குழந்தைகள் குடித்த பால் ஏன் தைராய்டுப் புற்றாக மாறியது, காட்டுப் பழங்கள் இன்றும் ஏன் அளக்கப்படுகின்றன என்ற இரண்டு கேள்விக்கும் விடை இந்த இரண்டு எண்களில் இருக்கிறது.

பிரச்சினை, இறப்புக் கணக்கில். சோவியத் அரசு சொன்னது 31. ஐ.நா. அமைப்புகள் சேர்ந்த செர்னோபில் மன்றம் 2005இல், அதிகம் பாதிக்கப்பட்ட ஆறு லட்சம் பேரில் முடிவில் 4,000 பேர் வரை இறக்கலாம் என்று மதிப்பிட்டது. பிரவுன், உக்ரைன் அரசு கணவனையோ மனைவியையோ இழந்த 35,000 பேருக்கு இழப்பீடு தருவதைச் சுட்டி, உண்மைக் கணக்கு இவற்றைவிட மிகப் பெரிது என்கிறார். இழப்பீட்டுப் பட்டியல் மருத்துவச் சான்றாகாது. அன்று மருத்துவர்கள் எழுதிய நோய்ப்பட்டியலில் வறுமையும் மதுவும் சோவியத் வீழ்ச்சியும் எவ்வளவு, கதிர்வீச்சு எவ்வளவு என்று பிரிப்பதும் கடினம். கதிரியல் அறிஞர்கள் அவரைக் கடுமையாக விமர்சித்தது இதனால்தான். அந்த விமர்சனம் நியாயமானது. ஆனால் உணவுச் சங்கிலியைப் பற்றி அவர் கண்டெடுத்த ஆவணங்களை அது அசைக்கவில்லை. பதக்கம் பெற்ற நூலை மட்டும் வாங்கி இதை விட்டுவிடும் நூலகம், விபத்தின் நீண்ட பாதியை அடுக்கில் வைக்கவில்லை என்றே சொல்வேன். எண்களைச் சந்தேகத்தோடும் ஆவணங்களைக் கவனத்தோடும் படிக்கச் சொல்லிக் கொடுங்கள்.

அலெக்சியேவிச்சிடம் விளக்கம் தேடக் கூடாது. அவர் தருவது குரல்கள். தீயணைப்பு வீரர் இக்னாதென்கோவின் மனைவி பேசுவதில் தொடங்கும் அந்தப் பக்கங்களைப் படித்தவர் மறக்க முடியாது. அதில், வயிற்றிலிருந்த குழந்தை கதிர்வீச்சைத் தான் வாங்கிக்கொண்டு தாயைக் காப்பாற்றியது என்று அந்த மனைவி சொல்கிறார். துயரத்தின் மொழியாக அது உண்மை. அதை மருத்துவத் தகவலாக எடுத்துக்கொண்டு மேற்கோள் காட்டுபவர்கள் நிறைய. அதற்கு அறிவியல் ஆதாரம் இல்லை. இந்த நூலைக் கடைசியாகப் படிப்பதே சரி. பின்னணி தெரிந்த பிறகு ஒவ்வொரு குரலும் எந்த ஊரிலிருந்து, எந்த வேலையிலிருந்து வருகிறது என்பது பிடிபடும்.

வாங்கும்போது ஒரு கவனம். அலெக்சியேவிச்சின் நூல் ஆங்கிலத்தில் 'வாய்சஸ் ஃப்ரம் செர்னோபில்' என்று 2005இலும், 'செர்னோபில் ப்ரேயர்' என்று 2016இலும் வந்தது. மொழிபெயர்ப்பாளர்கள் வேறு; பிந்தையது ஆசிரியர் திருத்திய மூலத்திலிருந்து வந்தது, அதையே வாங்குங்கள். ப்ளோகியின் நூலுக்கு அமெரிக்கப் பதிப்பிலும் பிரிட்டன் பதிப்பிலும் துணைத்தலைப்பு வேறு. இரண்டு நூல் என்று நினைத்து இரண்டையும் வாங்கிவிடுவது எளிதில் நடக்கும் பிழை.

படிக்கும்போது அலகுகளும் தடுக்கும். உடல் வாங்கிய கதிர்வீச்சின் அளவை ஒரு நூல் ரெம் என்னும், இன்னொன்று சீவர்ட் என்னும். 1 சீவர்ட் 100 ரெம். பொருளின் கதிரியக்கத்தைக் கியூரியிலும் பெக்கரலிலும் சொல்வார்கள்; 1 கியூரி 3,700 கோடி பெக்கரல். சதுர கிலோமீட்டருக்கு 1 கியூரி என்றால் சதுர மீட்டருக்கு 37,000 பெக்கரல். இதை ஒரு துண்டுத் தாளில் எழுதி நூலுக்குள் வைத்துவிட்டால் போதும்.

தமிழ்நாட்டு வாசகர் இந்த நூல்களை மூடும்போது கூடங்குளம் நினைவுக்கு வராமல் இருக்காது. அங்குள்ள வி.வி.இ.ஆர். உலையில் தணிப்பானும் நீர்தான், குளிர்விப்பதும் நீர்தான். நீர் போனால் தொடர்வினை குறையும். செர்னோபிலின் குறிப்பிட்ட அந்தக் கோளாறு அங்கே பொருந்தாது. வினை நின்ற பிறகும் எரிபொருளில் தொடரும் வெப்பத்தை ஆற்ற நீர் வேண்டும் என்பது எல்லா உலைக்கும் பொது; அதற்குப் படிக்க வேண்டியது புகுஷிமா பற்றிய நூல்களை.

நான்கையும் முடித்தவர்களுக்கு ப்ளோகியின் 'செர்னோபில் ரூலெட்' இருக்கிறது. 2022 பிப்ரவரி 24 முதல் மார்ச் இறுதிவரை ரஷ்யப் படையின் பிடியில் இருந்த நிலையத்தில், வீட்டுக்குப் போக முடியாமல் வாரக்கணக்கில் வேலை பார்த்த ஊழியர்களைப் பற்றி அது பேசுகிறது.