மூட்டையப் பிரிக்காம குத்தூசி போடுற மாதிரி: ஜிஆர்பிகர்ல், ஒரு வருச அனுபவம்

நெல்லு யாவாரிங்க கையில குத்தூசின்னு ஒண்ணு பாத்துருப்பீங்க, நுனி கூரா நடுவுல பள்ளமா ஒரு இரும்பு, மூட்டையோட தையலப் பிரிக்காம சைடுல ஒரு குத்து குத்தி இழுத்தா அந்தப் பள்ளத்துல ஒரு கை நெல்லு வந்துரும், பதரா கருக்காயா ஈரமான்னு நின்ன எடத்துலயே சொல்லிருவாங்க. சர்வருக்குள்ள என்ன இருக்குன்னு எடுத்துப் பாக்கற ஜிஆர்பிகர்ல்ங்கற கமாண்டு டூல் எனக்கு அந்தக் குத்தூசிதான். இந்த ரிவ்யூல மீதி எல்லாம் அதுக்கு விளக்கம்னு வச்சுக்கங்க.

நான் மன்னார்குடி. வேலை சென்னை கம்பெனிக்கு, ஒக்காந்து பாக்கறது ஹரித்ராநதி தெப்பக்குளத்துப் பக்கத்து வீட்டு மாடியில. அது போக கூடப் படிச்ச மாப்ள ஒருத்தன் நீடாமங்கலம் ரோட்டுல ரைஸ்மில் வச்சுருக்கான், அவனுக்கு எடைமேடைல வர்ற எடை, மாய்ஸ்சர் மீட்டர்ல வர்ற ஈரப்பதம் ரெண்டையும் சேத்து ஒரு எடத்துல பதிவு பண்ற மாதிரி கோ லாங்வேஜ்ல ஒரு சின்ன சர்வர் எழுதிக் கொடுத்தேன். அதை ஜிஆர்பிசில எழுதினது என் ஆசைதான், அவன் கேக்கல, கேட்டிருந்தா எக்ஸெல்லே போதும்னுருப்பான்.

தெரியாதவங்களுக்கு ரெண்டு வரி. ஜிஆர்பிசிங்கறது கூகுள் 2015ல ஓப்பன் சோர்ஸா வெளிய விட்டது, வேற மெஷின்ல இருக்கற ஃபங்ஷனை நம்ம மெஷின்ல இருக்கற மாதிரியே கூப்புட்டுக்கலாம். முதல்ல இருக்கற ஜி எதுக்குன்னு கேட்டா அவங்க ஒவ்வொரு வெர்ஷனுக்கும் ஒரு அர்த்தம் சொல்லுவாங்க, 1.1ல குட், 1.2ல க்ரீன்னு போவுது, நல்லாப் பொழுது போக்கிருக்காங்க. சிக்கல் என்னன்னா உள்ள போறது வர்றது எல்லாம் புரோட்டோபஃப்ங்கற ஃபார்மட்டுல, கண்ணால படிக்க முடியாத பைனரி, அதும் ஹெச்டிடிபி 2 மேல, ஒவ்வொரு மெசேஜுக்கு முன்னாடியும் 5 பைட்டு வேற ஒட்டிருக்கும், கம்ப்ரெஸ் பண்ணிருக்கான்னு சொல்ல ஒண்ணு, நீளத்துக்கு நாலு. சாதா ஏபிஐன்னா கர்ல்னு ஒரு கமாண்டு அடிச்சோமா, ஜேசன்னு படிக்கற மாதிரி எழுத்துல பதில் வந்துச்சா பாத்தோமான்னு போயிரலாம், இதுல கர்ல் அடிச்சா ஸ்க்ரீன்ல பூச்சி பூச்சியா வரும். மூட்டை வாய் தைச்சுருக்கு, உள்ள என்னன்னு வெளிய இருந்து தெரியாது.

அங்கதான் ஜிஆர்பிகர்ல். பேரே ஜிஆர்பிசியையும் கர்லையும் ஒரே சி போட்டு ஒட்டினது. ஃபுல்ஸ்டோரி டீம் ஓப்பன் சோர்ஸா போட்டது, கோவுல எழுதினது, காசு கிடையாது. நாம ஜேசன் கொடுத்தா அதை பைனரியா மாத்தி அனுப்பும், வர்ற பைனரிய ஜேசனா மாத்திக் காட்டும். மேக்ல ப்ரூ இருக்கு, டாக்கர் இமேஜ் இருக்கு, கோ இருந்தா கோ இன்ஸ்டால், எதுவும் இல்லன்னா ஒரே ஒரு ஃபைலை டவுன்லோடு பண்ணி போட்டுக்கலாம். எனக்கு இந்த ஒரே ஃபைல் விசயம்தான் பெருசு, ஏன்னா மில்லுல நெட்டு சரியா கிடையாது, கரண்டு போச்சுன்னா ஃபோன் ஹாட்ஸ்பாட்டு, அதும் களத்து மேட்டுப் பக்கம் போனாத்தான் ரெண்டு புள்ளி காட்டும், அதுல போயி பெரிய ஆப்பு ஒண்ண டவுன்லோடு போட்டுட்டு லாகின் பண்ணு சிங்க் பண்ணுன்னா கேக்கற கதையா. பென்டிரைவ்ல எடுத்துட்டுப் போனேன், மில்லு ஆபீஸ்ல இருக்கற லினக்ஸ் பெட்டியில போட்டேன், ஓடிருச்சு.

முதல்ல அடிக்கிறது லிஸ்ட். ஜிஆர்பிகர்ல் -ப்ளெயின்டெக்ஸ்ட் லோக்கல்ஹோஸ்ட்:50051 லிஸ்ட், அவ்ளோதான், சர்வர்ல என்னென்ன சர்வீஸ் இருக்குன்னு வரிசையா கொட்டும். அதுல ஒண்ணோட பேரை லிஸ்ட் பின்னாடியே கொடுத்தா அதுக்குள்ள இருக்கற மெத்தட் எல்லாம் வரும். டிஸ்க்ரைப் போட்டா எந்த ஃபீல்டு என்ன டைப்புன்னு புரோட்டோ ஃபைல்ல (மெசேஜ் எப்படி இருக்கணும்னு எழுதி வச்ச ஃபைல்) இருக்கற மாதிரியே காட்டும். இதோட -எம்எஸ்ஜி-டெம்ப்ளேட் ஃப்ளாகையும் சேத்துக்கங்க, வெறும் ஜேசன் டெம்ப்ளேட் ஒண்ணு எடுத்துக் கொடுக்கும், காப்பி பண்ணி நம்பரை மட்டும் ரொப்பி -டி போட்டு அனுப்பிட வேண்டியதுதான். இந்த ஒரு ஃப்ளாக் இருக்குன்னு தெரியாமயே மூணு மாசம் ஃபீல்டு பேரை எல்லாம் கையால டைப் அடிச்சிட்டு இருந்தேன்.

ஆரம்பத்துல எல்லாரும் முட்டிக்கற எடம் ரெண்டு. -ப்ளெயின்டெக்ஸ்ட் போடலன்னா அது பாட்டுக்கு டிஎல்எஸ்ல, அதாவது பூட்டு போட்ட பாதையில, பேச ஆரம்பிக்கும், லோக்கல்ல ஓடுற சர்வருக்கு டிஎல்எஸ் இருக்காது, உடனே ஃபர்ஸ்ட் ரெக்கார்டு டிஎல்எஸ் ஹேண்ட்ஷேக் மாதிரி தெரியலன்னு ஒரு எரர் வரும், பயப்படாதீங்க, ஃப்ளாகைப் போடுங்க. ரெண்டாவது, ஃப்ளாக் எல்லாத்தையும் அட்ரஸுக்கு முன்னாடியே போடணும். அட்ரஸ் கொடுத்துட்டு பின்னாடி -டி போட்டா அதை ஃப்ளாக்னே எடுத்துக்காது, ஆர்க்யுமென்ட் அதிகமா இருக்குன்னு திட்டும். கர்ல்ல எங்க வேணா போட்டுப் பழகின கையி, இன்னிக்கும் வாரத்துல ஒரு தடவை தப்பா அடிக்கிறேன்.

இப்ப நான் ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் முழிச்ச கதை. கொள்முதல் நிலையத்துல பொதுவா 17 சதவீதம் ஈரம் வரைக்கும்தான் எடுப்பாங்க, மழையில நனைஞ்ச வருசம் சில சமயம் தளர்த்துவாங்க, மில்லுலயும் மாப்ள அந்த 17ஐயே கோடா வச்சுருக்கான். அதுக்கு மேல போனா சிப்பத்துக்கு இவ்ளோ கிலோ கழிவுன்னு சர்வர் கணக்குப் போடும், 17க்குள்ள இருந்தா கழிவு பூஜ்யம். டெஸ்ட் பண்றேன், 19 சதவீதம் கொடுத்தா கழிவு வருது, 16 கொடுத்தா கழிவுங்கற ஃபீல்டே பதில்ல காணோம். பூஜ்யம்னு கூட இல்ல, அந்த வரியே இல்ல. சரி கோட்லதான் எங்கயோ விட்டுட்டோம்னு தேடுறேன், லாக் போட்டா பூஜ்யம்னு அழகா காட்டுது, பில்டு பண்றேன், சர்வரை நிப்பாட்டி ஏத்துறேன், புரோட்டோவ திரும்ப ஜெனரேட் பண்றேன், காணோம்னா காணோம். மாப்ள நடுவுல ஃபோன் அடிச்சு, என்னடா மாப்ள காலையில லோடு வருது, ஆவுமா ஆவாதான்னான். ஆவும் வைடான்னேன், எனக்கே நம்பிக்கை இல்ல.

கடைசில பாத்தா தப்பு எங்கயும் இல்ல, எனக்குத்தான் தெரியல. புரோட்டோ 3ல பூஜ்யம், காலி ஸ்ட்ரிங், ஃபால்ஸ் இதெல்லாம் டீஃபால்ட், அனுப்புறப்ப போவாது, ஜேசனா மாத்துறப்பவும் காட்டாது. காட்டணும்னா -எமிட்-டீஃபால்ட்ஸ்னு ஒரு ஃப்ளாக், ஹெல்ப்புல தெளிவா எழுதிருக்கு. போட்டேன், கழிவு பூஜ்யம்னு வந்து நின்னுச்சு. எடை கணக்கு பாக்கறவனுக்கு பூஜ்யம்ங்கறதும் ஒரு பதில்தானே, அதை மறைச்சு வச்சா எப்புடின்னு அன்னிக்கு ராத்திரி கத்தினேன், கேக்க பல்லியத் தவிர யாரும் இல்ல.

இதே ஜாதில இன்னொண்ணு. இன்ட் 64ங்கற பெரிய முழு எண் டைப்பு நம்பரை எல்லாம் இது கோட்டேஷனுக்குள்ள ஸ்ட்ரிங்கா காட்டும். ஜாவாஸ்க்ரிப்ட்டால அவ்ளோ பெரிய நம்பரை சரியா வச்சுக்க முடியாதுன்னு புரோட்டோபஃப்காரங்களே வச்ச விதி அது, டூலைக் குத்தம் சொல்ல முடியாது. ஆனா அன்னிக்கு வந்த லோடுல எது பெருசுன்னு ஜேசனை அலசற ஜேக்யூங்கற டூல்ல வரிசைப்படுத்தி அனுப்பினேன், 9800 கிலோ வந்த வண்டி 12340 கிலோ லாரிக்கு மேல ஒக்காந்துருக்கு. ஸ்ட்ரிங்கா கம்பேர் பண்ணா ஒம்பது ஒண்ணை விடப் பெருசுதானே. மில்லுல கணக்கு பாக்கற அண்ணன் சிட்டையப் பாத்த ஒடனே சொல்லிட்டாரு, தம்பி ஒங்க கம்ப்யூட்டருக்கு எண்ணத் தெரியலப்பான்னு. ஜேக்யூல டூநம்பர் சேத்தா சரியாயிரும். பைட்ஸ் ஃபீல்டு இருந்தா பேஸ் 64ல வரும், அதையும் மனசுல வச்சுக்கங்க.

லிஸ்ட், டிஸ்க்ரைப் ரெண்டும் நான் சொன்ன மாதிரி சும்மா வேலை செய்யணும்னா சர்வர்ல ரிஃப்ளெக்‌ஷன் (தன்கிட்ட என்ன இருக்குன்னு சர்வரே சொல்ற வசதி) ஆன் பண்ணிருக்கணும். கோவுல ஒரே ஒரு வரி. நம்ம சர்வர்னா நம்ம இஷ்டம். ஆபீஸ் வேலைல ஒரு கிளையன்ட், பேரு வேணாம், ப்ரொடக்‌ஷன்ல ரிஃப்ளெக்‌ஷனை மூடி வச்சுருந்தாங்க. பாதுகாப்புக்குன்னு மூடுறது நியாயம்தான், ஆனா அப்ப புரோட்டோ ஃபைலை ஒழுங்கா கொடுக்கணும்ல, வாட்ஸப்புல ஒரு ஜிப்பு வந்துச்சு, அதுல மெயின் ஃபைல் மட்டும் இருக்கு, அது இம்போர்ட் பண்ற நாலு ஃபைல் இல்ல. -இம்போர்ட்-பாத்தும் -புரோட்டோவும் போட்டுப் போட்டுப் பாத்தா ஃபைல் இல்ல ஃபைல் இல்லன்னுதான் வருது. அப்புறம் அவங்ககிட்ட கெஞ்சி எல்லா புரோட்டோவையும் ஒரே ஃபைலாக் கட்டின புரோட்டோசெட் ஒண்ணு எடுத்து அனுப்பச் சொன்னேன், புரோட்டோசிங்கற கம்பைலர்ல இன்க்ளூட் இம்போர்ட்ஸ் ஃப்ளாகோட எடுக்கணும்னு நாலு தடவை அழுத்திச் சொன்னேன், அது இல்லாம எடுத்தா திரும்ப அதே ஓட்டை. வந்த ஒரே ஃபைலை -புரோட்டோசெட்ல கொடுத்தேன், வேலை முடிஞ்சுது. அவங்க டோக்கனை -ஹெச் போட்டு ஹெடர்ல அனுப்பலாம், நேரா டைப் பண்ணா ஷெல் ஹிஸ்டரில தங்கிரும், அதனால என்விரான்மென்ட் வேரியபிள்ல வச்சுட்டு -எக்ஸ்பேண்ட்-ஹெடர்ஸ் போடுங்க.

கனெக்‌ஷனுக்கு இது டீஃபால்ட்டா 10 செகண்டு காத்திருக்கும், நீடாமங்கலம் ரயில்வே கேட்டுல நின்னு பழகினவனுக்கு 10 செகண்டுலாம் ஒண்ணுமே இல்ல, ஆனா மில்லு நெட்டுக்கு பத்தாது, -கனெக்ட்-டைம்அவுட்டை 30 ஆக்கி வச்சுருக்கேன். ஸ்க்ரிப்ட் எழுதறவங்களுக்கு இன்னொரு நல்ல விசயம், சர்வர் எரர் கொடுத்தா அந்த ஜிஆர்பிசி கோடோட 64 கூட்டி எக்ஸிட் கோடா கொடுக்கும். நாட் ஃபவுண்ட் 5, அப்ப 69. அன்அவெய்லபிள் 14, அப்ப 78. எரர் வாசகத்துக்குள்ள தேடிட்டு இருக்க வேண்டாம்.

ஸ்ட்ரீமிங்கும் நல்லாவே பண்ணும், -டி பக்கத்துல ஒரு அட் குறி போட்டா கீபோர்டுல இருந்தோ ஃபைல்ல இருந்தோ எடுத்துக்கும், ஜேசனை ஒண்ணு பின்னாடி ஒண்ணா கொடுத்துட்டே போலாம். விண்டோஸ் கமாண்ட் ப்ராம்ப்ட்ல இருக்கறவங்களுக்கும் இதேதான் என் யோசனை, அங்க சிங்கிள் கோட்டை மதிக்காது, டபுள் கோட்டுக்கு முன்னாடி எல்லாம் பேக்ஸ்லாஷ் போட்டுப் போட்டு கண்ணு பூத்துரும், ஜேசனை ஃபைல்ல எழுதி உள்ள தள்ளுங்க.

கொறைன்னு பாத்தா, பழைய ரிக்வெஸ்டை எடுத்து வச்சுக்கற வசதி எல்லாம் எதிர்பாக்காதீங்க, ஷெல் ஹிஸ்டரிதான் துணை. மெத்தட் பேரை முழுசா அடிக்கணும், பேக்கேஜ் பேரு நீளமா இருந்தா கை வலிக்கும். ப்ராம்ப்ட்ல ஒக்காந்து டேப் அடிச்சு அடிச்சுப் போகணும்னா எவன்ஸ்னு இன்னொரு டூல் இருக்கு, அது சொகமா இருக்கும், ஸ்க்ரிப்ட்டுக்குள்ள வைக்க எனக்கு இதுதான் வாகு. கமாண்டுன்னாலே அலர்ஜிங்கறவங்களுக்கு இதே டீம் போட்ட ஜிஆர்பிசி யூஐ இருக்கு, பிரவுசர்ல ஃபார்ம் மாதிரி தொறக்கும், ரொப்பி அமுக்கினாப் போதும். அஞ்சுக்கு நாலரை கொடுப்பேன், அந்த அரை பூஜ்யத்தைக் காட்டாததுக்கு, விதின்னு தெரிஞ்சும்தான் கொறைக்கிறேன்.

கணக்கு பாக்கற அண்ணனுக்கு அந்த யூஐயத்தான் போட்டுக் கொடுத்தேன், ரெண்டு நாள் பாத்துட்டு இதுல எதை அமுக்கறதுன்னே தெரியல, நீங்க அடிப்பீங்களே கறுப்பு ஸ்க்ரீன் அதையே கொடுங்கன்னுட்டாரு. -ப்ளெயின்டெக்ஸ்ட், -எமிட்-டீஃபால்ட்ஸ் எல்லாம் உள்ள வச்சு ஒரு சின்ன ஸ்க்ரிப்ட் எழுதி அதுக்கு குத்துன்னு பேரு வச்சுருக்கேன். குத்துன்னு அடிச்சு சிட்டை நம்பரைப் போட்டா எடை, ஈரம், கழிவு மூணும் வந்துரும், பூஜ்யம் உள்பட.