ஒளிய இடமில்லாத கல்லூரி: ஒஹையோவில் நான்கு வருடம்

சேர்க்கைக் கடிதம் வந்த அன்று பெரியம்மா கேட்டது ஒரே கேள்விதான்: "ஆர்ட்ஸ் காலேஜுக்கா இம்புட்டுத் தூரம் போகணும்?" ப்ளஸ் டூவில் கணக்கில் நல்ல மார்க் வாங்கிய பெண், இன்ஜினியரிங்கை விட்டுவிட்டு அமெரிக்காவில் லிபரல் ஆர்ட்ஸ் படிக்கப் போகிறாள் என்றால் மதுரையில் யாருக்கும் பிடிபடவில்லை. உண்மையில் எனக்கே அப்போது முழுசாகப் பிடிபடவில்லை. படம் வரையக் கற்றுத்தரும் இடமல்ல அது. இயற்பியல், கணிதம், பொருளாதாரம், தத்துவம், இசை எல்லாம் ஒரே வளாகத்தில், பெரும்பாலும் இளங்கலை மாணவர்களுக்கு மட்டுமே நடத்துகிற சின்னக் கல்லூரி. படித்து முடித்து ஏழு வருடம் ஆகிறது. இன்னமும் வருடத்துக்கு நாலு பேராவது "பிள்ளையை அனுப்பலாமா?" என்று கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் வாட்ஸ்அப்பில் வாய்ஸ் நோட் அனுப்பி அலுத்துவிட்டது. அதனால்தான் இது.

கல்லூரியின் பெயரைச் சொல்லப் போவதில்லை. குறையும் சொல்ல வேண்டியிருக்கிறது. ஒஹையோ மாநிலத்தில் இந்த வகைக் கல்லூரிகளுக்குப் பஞ்சமில்லை. ஓபர்லின், கென்யன், டெனிசன், வூஸ்டர் என்று வரிசையாக உண்டு. இதில் ஓபர்லின் 1833-ல் தொடங்கியது, கறுப்பின மாணவர்களைச் சேர்ப்பதென்று 1835-லேயே முடிவெடுத்த இடம். மதுரைக்கும் அதற்கும் ஒரு பழைய தொடர்பு இருக்கிறது. ஓபர்லினில் பட்டம் வாங்கியவர்கள் ஷான்சி என்ற அமைப்பின் மூலமாக அமெரிக்கன் கல்லூரிக்கும் லேடி டோக்குக்கும் வந்து தங்கி ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தார்கள். என் சித்தப்பா அப்படி ஒருவரிடம் படித்தவர். "பாடம் நடத்தவே மாட்டாரு, கேள்வி கேட்டுட்டே இருப்பாரு" என்று அவர் சொன்னதை நான் குறையாகத்தான் எடுத்துக்கொண்டிருந்தேன்.

முதல் செமஸ்டரில் அது என்னவென்று புரிந்தது. முதலாண்டு செமினார் வகுப்பில் மொத்தம் பன்னிரண்டு பேர், நீள்வட்ட மேஜை. பள்ளியில் நாற்பத்தைந்து பேருக்கு நடுவே மூன்றாவது பெஞ்சில், சன்னல் தூணுக்குப் பின்னால் உட்கார்ந்து காலத்தை ஓட்டியவள் நான். இங்கே தூணும் கிடையாது, பின்பெஞ்சும் கிடையாது. செவ்வாய்க்கிழமைக்கு எண்பது பக்கம் படித்துவிட்டு வரவேண்டும். படிக்காமல் வந்தால் மேஜையைச் சுற்றி எல்லோருக்கும் தெரியும். வகுப்பில் பேசுவதற்கே இருபது சதவீத மதிப்பெண். முதல் மூன்று வாரம் நான் வாயே திறக்கவில்லை. நாலாவது வாரம் பேராசிரியை ஆபீஸ் அவர்ஸுக்கு, அதாவது மாணவர்கள் அவர் அறைக்குப் போய்த் தனியாகப் பேசும் நேரத்துக்கு, கூப்பிட்டார். திட்டப் போகிறார் என்று போனால், தேநீர் வேண்டுமா என்று கேட்டுவிட்டு என் முதல் கட்டுரையை எடுத்து வைத்தார். முதல் ஒன்றரைப் பக்கத்துக்குக் குறுக்கே பென்சிலில் ஒரு கோடு. அடுத்த பத்திக்குப் பக்கத்தில் ஒரு குறிப்பு: கட்டுரை இங்கேதான் தொடங்குகிறது. அந்த ஒன்றரைப் பக்கமும் 'மனிதகுலம் தோன்றிய காலந்தொட்டே' வகை. பத்தாம் வகுப்பிலிருந்து அதற்காகவே மார்க் வாங்கிப் பழகியிருந்தேன்.

இந்தக் கல்லூரிகளைப் பற்றிச் சொல்ல என்னிடம் இருப்பது இவ்வளவுதான்: அங்கே ஒளிய முடியாது. நல்லது, கெட்டது இரண்டும் அதிலிருந்தே வருகின்றன.

படிப்பின் அமைப்பைச் சுருக்கமாகச் சொல்கிறேன். செமஸ்டருக்கு நாலு பாடம், நான்கு வருடத்தில் முப்பத்திரண்டு. மேஜர், அதாவது முதன்மைப் பாடம், என்ன என்பதை இரண்டாம் ஆண்டு முடிவுக்குள் சொன்னால் போதும். அதுவரை அறிவியலில் இத்தனை, கலையில் இத்தனை, மொழியில் இத்தனை என்று எல்லாப் பக்கமும் கால் வைக்கச் சொல்வார்கள். முதுகலை மாணவர்கள் இல்லாததால் விடைத்தாள் திருத்துவதும் லேபில் கூட நிற்பதும் பேராசிரியரே. கோடையில் சம்பளம் கொடுத்து ஆராய்ச்சிக்குச் சேர்த்துக்கொள்வதும் இளங்கலை மாணவரைத்தான்.

நான் பொருளாதாரத்துக்கு என்று போனவள். லேப் உள்ள அறிவியல் பாடம் ஒன்று கட்டாயம் என்பதால், எளிதாக இருக்கும் என்று சீனியர் ஒருத்தி சொன்னதை நம்பி நிலவியல் எடுத்தேன். அக்டோபரில் ஒரு சனிக்கிழமை பேராசிரியரே வேன் ஓட்டிக்கொண்டு எட்டுப் பேரை ஈரி ஏரிக்கரைக்குக் கூட்டிப்போனார். அங்கிருந்து படகில் கெல்லீஸ் தீவு. சுண்ணாம்புப் பாறையில் பழைய பனியாறு உழுதுவிட்டுப் போன பள்ளங்கள், கிட்டத்தட்ட நானூறு அடி நீளம், ஓரிடத்தில் ஆள் உயரத்தைவிட ஆழம். கம்பிவேலிக்கு வெளியே நின்று பார்க்க வேண்டும். பேராசிரியர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "பனி எந்தப் பக்கத்திலிருந்து வந்தது?"

அப்புறம் அவர் வாயே திறக்கவில்லை. கீறல் எந்தத் திசையில் ஓடுகிறது என்பது கண்ணுக்குத் தெரிகிறது. ஆனால் வந்த முனை எது, போன முனை எது? ஏரிக்காற்று காதை அறுக்கிறது. எனக்கு 'சொல்லித் தொலைங்களேன்' என்றிருந்தது. இருபது நிமிடம் கழித்து, வகுப்பில் அதிகம் பேசாத ஒரு பையன், ஒஹையோ விவசாயக் குடும்பம், மெதுவாகச் சொன்னான்: "எங்க வயல்ல ஏர் ஓட்டினா ரோஸ் கலர் கிரானைட் கல்லு வரும். தாத்தா பொறுக்கி வேலியோரமா போடுவார். எங்க ஊர்ல அந்தப் பாறையே கிடையாது." கிரானைட் பாறை எங்கே இருக்கிறது? வடக்கே, கனடாவில். கீறலே பதில் சொல்லாது, கல் சொல்லும். பேராசிரியர் தலையை மட்டும் ஆட்டினார். முந்நூறு பேர் உட்காரும் அரங்கில் அந்தப் பையன் வாய் திறந்திருப்பானா? சந்தேகம்தான். பிறகு நான் ஒரு பெரிய மாநிலப் பல்கலைக்கழகத்தில் முதுகலை செய்தபோது அப்படியான அரங்கத்துக்கே உதவி ஆசிரியையாக இருந்தேன். செமஸ்டர் முடியும்போது பாதிப் பேர் முகம்கூடத் தெரியாது.

சரி, மறுபக்கம். ஊரில் ஒரே டைனிங் ஹால். யாரோடாவது மனஸ்தாபம் வந்தால் மூன்று வேளையும் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டுதான் சாப்பிட வேண்டும். யாருக்கு யாரோடு என்ன என்பது ஞாயிறு காலைக்குள் வளாகம் முழுக்கத் தெரிந்துவிடும். நம் ஊர்த் தெருவைவிட மோசம். பஸ் இல்லை, கார் இல்லாதவருக்குப் போக்கிடமும் இல்லை. நவம்பரில் நன்றி நவிலல் விடுமுறைக்கு எல்லோரும் கிளம்பிவிட, டைனிங் ஹாலும் மூடிவிட, நேபாளத்துப் பெண் ஒருத்தியும் நானும் நாலு நாள் முட்டையும் சோறும் தின்றோம்.

இதைவிடப் பெரிய குறை பாடங்கள். பட்டியலில் இருப்பதெல்லாம் நடக்காது. எனக்கு வேண்டிய எக்கனாமெட்ரிக்ஸ் (புள்ளியியலை வைத்துப் பொருளாதாரத்தை அளப்பது) இரண்டாம் பாடத்தை நடத்துகிறவர் ஒரே ஒருவர். மூன்றாம் ஆண்டு அவர் சபாட்டிகல் என்ற நீண்ட ஆராய்ச்சி விடுப்பில் போனார். நாலாம் ஆண்டு என் லேப் நேரத்தோடு மோதியது. ஆகவே அந்தப் பாடம் இல்லாமலேயே பட்டம் வாங்கினேன். அடுத்து, எங்கள் கல்லூரியில் பொருளாதாரம், அமெரிக்க அரசின் பாடப்பிரிவுக் குறியீடுகளில் சாதாரண வகையில் பதிவாகியிருந்தது. எக்கனாமெட்ரிக்ஸும் அளவுசார் பொருளாதாரமும் என்ற குறியீட்டில் இருந்தால் அது ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம்) கணக்கு. படிப்புக்குப் பிறகு வேலை பார்க்க முதலில் கிடைக்கும் 12 மாத ஓ.பி.டி. அனுமதிக்கு மேல் இன்னும் 24 மாதம் கிடைக்கும். எனக்கு 12 மாதத்தோடு முடிந்தது. இதை முதல் வருடம் யாரும் சொல்லவில்லை, எனக்கும் கேட்கத் தெரியவில்லை. நீங்கள் சேரும் முன்பே கேளுங்கள், எழுத்தில் வாங்குங்கள்.

பணம். இணையதளத்தில் போட்டிருக்கும் தொகையைப் பார்த்து மயங்கி விழ வேண்டாம். பல கல்லூரிகளில் இன்று எல்லாம் சேர்த்து வருடத்துக்கு எண்பதாயிரம் டாலரைத் தாண்டிவிட்டது, உண்மைதான். ஆனால் அமெரிக்கத் தனியார் கல்லூரிகள் முதலாண்டு மாணவருக்கு டியூஷனில், அதாவது கல்விக் கட்டணத்தில், சராசரியாகப் பாதிக்கும் மேல் தள்ளிக் கொடுக்கின்றன. ஆடித் தள்ளுபடி மாதிரிதான், எம்.ஆர்.பி.யை ஏற்றி வைத்துக் குறைப்பது. வெளிநாட்டு மாணவரின் வசதியைப் பார்க்காமலேயே சேர்க்கும் அம்ஹர்ஸ்ட், போடன் போன்றவை விரல் விட்டு எண்ணக்கூடியவை. அங்கே போட்டி பயங்கரம். மற்ற இடங்களில் திறமையைப் பார்த்துத் தரும் மெரிட் உதவியை நம்பி விண்ணப்பிக்கலாம். கல்லூரியின் நிதிநிலையையும் பாருங்கள். ஒஹையோவிலேயே ஆன்டியாக் 2008-ல் மூடி 2011-ல் திரும்பத் திறந்தது. வெர்மான்டில் மார்ல்பரோ 2020-ல் மூடியது, நியூயார்க்கில் வெல்ஸ் 2024-ல். சின்ன இடம் என்றால் இந்தப் பயமும் சேர்ந்தே வரும்.

ஊர் திரும்பியதும் வேலை நேர்முகத்தில் கல்லூரிப் பெயரைச் சொன்னால் "எந்த யுனிவர்சிட்டி?" என்பார்கள். அது பழகிவிட்டது. கை கொடுத்தது கடைசி வருட ஆய்வேடுதான். மதுரைப் பக்கத்துக் கண்மாய்களில் மடை பராமரிப்புச் செலவை யார் ஏற்கிறார்கள் என்று எழுதினேன். பொருளாதாரமும் நிலவியலும் எனக்குள் சேர்ந்த இடம் அது. கண்மாய் என்ற சொல்லையே கேள்விப்படாத பேராசிரியை வாரம் ஒருநாள் ஒரு மணி நேரம் என்னோடு உட்கார்ந்தார். ஒஹையோலிங்க் என்று மாநிலத்து நூலகங்கள் சேர்ந்த அமைப்பு ஒன்று உண்டு; தமிழ்நாட்டுப் பாசனம் பற்றிய புத்தகங்கள் எங்கெங்கிருந்தோ ஒரு வாரத்துக்குள் வந்து சேர்ந்தன. எனக்கு முன்னால் அவர் படித்துவிட்டு வந்து கேள்வி கேட்பார். இப்போது சென்னையில் நீர்வளம் சார்ந்த வேலையில் இருக்கிறேன். என்னை எடுத்தவர் அந்த ஆய்வேட்டைத்தான் படித்திருந்தார்.

ஒன்று விட்டுவிட்டேன். மாணவர் விசாவில் செமஸ்டர் நாட்களில் வாரத்துக்கு இருபது மணி நேரம் வரை வளாகத்துக்குள் வேலை பார்க்கலாம். நான் வீட்டில் 'லைப்ரரி வேலை' என்று சொல்லியிருந்தேன். உண்மையில் டைனிங் ஹாலில் தட்டு கழுவும் அறை. அழுக்குத் தட்டுகள் பெல்ட்டில் நகர்ந்து வரும். எச்சிலை வழித்துவிட்டு மெஷினில் அடுக்க வேண்டும். இரண்டு வருடம். பட்டமளிப்புக்கு அப்பாவும் அம்மாவும் வந்தபோது, புல்வெளியில் நிலவியல் பேராசிரியர் தானாக வந்து கைகுலுக்கி, உங்கள் மகள் நல்ல மாணவி, அதோடு அந்த டிஷ் ரூமில் அவளைப்போல வேகமாகத் தட்டு அடுக்குகிறவர்களை நான் பார்த்ததில்லை என்றார். அப்பா சிரித்துக்கொண்டே மொழிபெயர்த்தார்.

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். "வீட்ல ஒரு டம்ளர் கழுவியிருப்பியாடி நீ?"