எம்டன் மூழ்கடித்த முத்து: வெஸ்டர்ன் ரோடா, ஜெரெஜாக்கா?

யாராவது நைசாக ஏமாற்றிவிட்டுப் போனால் "சரியான எம்டன்" என்பார் என் பாட்டி. அந்த எம்டன் ஒரு ஜெர்மன் போர்க்கப்பல் என்பதும், 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைமேல் குண்டு போட்டதும் பலருக்குத் தெரியும். அடுத்த மாதமே அது எங்கள் பக்கம் வந்த கதை, மலேசியாவில் பினாங்குத் தீவுக்கு எதிர்க்கரையில், நிபோங் திபாலில் இருக்கும் எங்களுக்கே சரியாகத் தெரியாது. அக்டோபர் 28 விடியற்காலை, பொய்யாக நாலாவது புகைக்கூண்டு ஒன்றை நிறுத்திக்கொண்டு, பிரிட்டிஷ் கப்பல்போல வேஷம் போட்டு பினாங்குத் துறைமுகத்துக்குள் நுழைந்தது. நங்கூரம் போட்டு நின்ற ரஷ்யக் கப்பல் ஜெம்சுக்கை டார்பிடோ விட்டு மூழ்கடித்தது. ஜெம்சுக்கின் கேப்டன் அப்போது கரையில் இருந்தார். 80க்கும் மேற்பட்ட மாலுமிகள் செத்துப்போனார்கள். ஜெம்சுக் என்றால் ரஷ்ய மொழியில் முத்து. பினாங்குக்கு மலாயில் 'முத்துத் தீவு' என்று ஒரு செல்லப்பெயர் உண்டு. முத்து போய் முத்துத் தீவில் முழுகியிருக்கிறது.

அந்த மாலுமிகளுக்கு இரண்டு இடத்தில் நினைவுச் சின்னம் இருக்கிறது. ஒன்று ஜார்ஜ்டவுனில், வெஸ்டர்ன் ரோடு கிறிஸ்தவ இடுகாட்டில். இன்னொன்று பினாங்குக்குப் பக்கத்திலேயே கிடக்கும் ஜெரெஜாக் தீவில். வீட்டுக்காரரும் நானும் ஒரே நாளில் போய்த் திரும்ப எது தோது என்று பசியாறும்போது ஆரம்பித்த பேச்சு, மதியம்வரை ஓடியது. கடைசியில் இரண்டுக்கும் தனித்தனி நாளில் போய்வந்தோம். அதனால் இரண்டையும் பற்றிப் பேச எனக்குத் தகுதி உண்டு.

வெஸ்டர்ன் ரோடுக்குக் காடியே (கார்) வேண்டாம். நிபோங் திபால் ஸ்டேஷனில் கொமுட்டர் ரயில் ஏறினால் பட்டர்வொர்த். அங்கிருந்து நடந்தே ஃபெரிக்குப் போய்விடலாம். அக்கரையில் தாவரத் தோட்டம் போகும் பஸ்ஸோ வாடகைக் காடியோ பிடித்தால் போதும். ஃபெரி ஏறச் சொல்வதற்குக் காரணம் சிக்கனம் மட்டுமல்ல. ஜெம்சுக் முழுகியது இந்தத் துறைமுகத்துத் தண்ணீரில்தான். பாலத்தில் போனால் இது கிடைக்காது. வீட்டுக்காரர் கம்பியைப் பிடித்துக்கொண்டு, எம்டன் வெளியே போகும் வழியில் பிரெஞ்சுக் கப்பல் மூஸ்கேயையும் மூழ்கடித்ததையும், பிறகு நின்று தண்ணீரில் தத்தளித்தவர்களைத் தூக்கிக் காப்பாற்றியதையும் சொல்லிக்கொண்டே வந்தார். "அப்ப அவன் நல்லவனாங்க, கெட்டவனா?" என்றேன். "எம்டன்," என்றார்.

இடுகாட்டில் பார்க்க அதிக நேரம் ஆகாது. ரஷ்ய எழுத்து பொறித்த கல், சுற்றிலும் மரநிழல், அவ்வளவுதான். அரைமணி நேரத்துக்கு மேல் நின்றால் கொசு நம்மைப் பார்க்க ஆரம்பித்துவிடும். ஆனால் அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் தண்ணீர்மலை. 500 படிக்கு மேல் ஏறி முருகனைக் கும்பிட்டுவிட்டு, டவுனில் நாசி கண்டார் சாப்பிட்டுவிட்டு, இருட்டுவதற்குள் வீடு திரும்பலாம். மூட்டு வலி உள்ளவர்கள் அடிவாரத்திலேயே கும்பிட்டுக்கொள்ளலாம், முருகன் கோவித்துக்கொள்ள மாட்டார்.

ஜெரெஜாக் வேறு மாதிரி. அதற்கு ரயிலும் ஃபெரியும் சுற்றுவழி. எங்கள் கரையில் பத்து காவான் என்ற ஊரில் ஏறி, 2014இல் திறந்த இரண்டாவது பாலம் வழியாக, தீவில் பத்து மாவுங் என்ற ஊர்ப் பக்கம் இறங்குவதுதான் நேர்வழி. மொத்தம் 24 கிலோமீட்டர், அதில் ஏறக்குறைய 17 கடல்மேல். காடிக்கு டோல் 7 வெள்ளி (ரிங்கிட்), தீவுக்குப் போகும்போது மட்டும்தான். மோட்டார் சைக்கிளுக்கு டோல் கிடையாது, ஆனால் காற்று அடிக்கும் நாளில் நான் பின்னால் உட்காரவே மாட்டேன். அப்புறம் படகு. நினைத்த நேரத்துக்கு ஏறலாம் என்று போய் நிற்கக்கூடாது. முதல் நாளே பேசி வைக்கவேண்டும், திரும்பி வரும் நேரத்தையும் சேர்த்து. மழை மாதத்தில் இந்தத் திட்டமே வேண்டாம்.

வசதியை மட்டும் எடை போட்டால் வெஸ்டர்ன் ரோடுதான் ஜெயிக்கும், சந்தேகமில்லை. ஆனால் ரப்பர்த் தோட்டத்துக் குடும்பங்களுக்கு ஜெரெஜாக்கில் இன்னொரு கணக்கு இருக்கிறது. 1868இல் தொழுநோயாளிகளுக்காக ஒதுக்கிய தீவு அது. பிறகு அம்மை, காலரா பரவாமல் இருக்க, கப்பலில் வந்தவர்களை இறக்கித் தனியாக வைத்த இடமும் அதுதான். நாகப்பட்டினத்தில் ஏறி, மேல்தளத்தில் சுருண்டு கிடந்து வந்த நம் ஆட்கள் பால்மரக் காட்டைப் பார்ப்பதற்கு முன்னால் பார்த்த மலாயா அதுதான். என் தாத்தாவும் அப்படித்தான் வந்தார். "தீவுல போட்டு வச்சிருந்தாங்க" என்பதற்குமேல் அவர் ஒன்றும் சொன்னதில்லை. பிறகு 1969 முதல் 1993 வரை அது சிறைச்சாலை.

படகுக்காரர் முன்னால் நடக்க, காட்டுப் பாதையில் போனோம். அவர் இல்லாவிட்டால் ரஷ்யர்களின் நினைவிடத்தை நாங்கள் கண்டுபிடித்திருக்க மாட்டோம். வீட்டுக்காரர் அங்கே நின்று படம் எடுத்தார். நான் அதற்குமுன் பார்த்த பழைய கட்டடத்தையே திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். ரஷ்யாவிலிருந்து வந்தவனுக்கு ஒரு கல்லாவது இருக்கிறது.

இரண்டையும் ஒரே நாளில் முடிக்கலாமே என்று கேட்பவர்களுக்கு: வேண்டாம். படகுக்காகக் காத்திருந்தே பாதி நாள் போய்விடும், தண்ணீர்மலையில் மூச்சு வாங்கும். முதல் தடவை போகிறவர்கள் ஃபெரியில் போய் வெஸ்டர்ன் ரோடு பாருங்கள். தாத்தாவோ பாட்டியோ கப்பலில் வந்த வீடென்றால், அடுத்த மாதம் ஒரு நல்ல வெயில் நாளாகப் பார்த்து ஜெரெஜாக். தீவில் கடை இருக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். நாங்கள் புளிச்சோறு கட்டிக்கொண்டு போயிருந்தோம். படகுக்காரருக்கும் ஒரு பொட்டலம் கொடுத்தோம், நன்றாக இருக்கிறது என்றார்.