பெட்டியோடு வந்த கூலர் போதுமா? ரைசன் 5 5600-க்கு நான்கு வழிகள்

வேலூரில் மொட்டை மாடிக்கு நேர் கீழே இருக்கிறது என் வேலை அறை. கத்திரி வெயில் நாட்களில் பிற்பகல் இரண்டு மணிக்கு அறையின் வெப்பமானி 36 டிகிரி காட்டும். அங்கே வைத்துத்தான் ரைசன் 5 5600 பிராசசர் உள்ள கணினியில் கல்யாண வீடியோக்களைத் தொகுக்கிறேன். தொகுத்த நீளமான வீடியோ ஒன்றை ரெண்டர் செய்ய, அதாவது முழுக் கோப்பாக உருவாக்கி எடுக்கக் கொடுத்தால் ஐந்தாவது நிமிடத்திலேயே பிராசசர் 90 டிகிரிக்குப் போய்விடும். பிராசசரைக் குளிர்விக்க அதன் பெட்டியோடு வந்த சிறிய கூலரின் விசிறி போடும் சத்தம் கூடம் வரை கேட்கும். இரண்டு கோடைகளை இப்படிக் கழித்த பிறகு, கூலரை மாற்றுவதா வேண்டாமா, மாற்றினால் எதற்கு மாறுவது என்று உட்கார்ந்து கணக்குப் போட்டேன். என் முன்னே இருந்தவை நான்கு வழிகள்: இருப்பதையே சரிசெய்வது, ஒற்றை டவர், இரட்டை டவர், லிக்விட் கூலர்.

முதலில் அந்த 90 டிகிரியைப் பார்த்துவிடுவோம். 2022 ஏப்ரலில் வந்த இந்த ஆறு கோர் (கணக்கிடும் பகுதி) பிராசசருக்கு, அதைத் தயாரித்த ஏஎம்டி நிறுவனம் வைத்திருக்கும் உச்ச வரம்பே 90 டிகிரிதான். வரம்பைத் தொட்டதும் அது கருகிவிடாது. வேகத்தை 25 மெகாஹெர்ட்ஸ் வீதம் படிப்படியாகக் குறைத்துக்கொண்டு, 90-ஐத் தாண்டாமல் வேலையை முடிக்கும். அட்டையில் 65 வாட் என்று போட்டிருந்தாலும் மதர்போர்டு இதற்கு 76 வாட் வரை கொடுக்கும்; வழக்கமான அமைப்பில் அதற்கு மேல் கொடுக்காது. ஆகவே எவ்வளவு பெரிய கூலரை மாட்டினாலும் ரெண்டர் நேரம் பாதியாகிவிடாது. ஒரு மணி நேர வேலையில் சில நிமிடங்கள் மிச்சமாகும், அவ்வளவுதான். வேகம் வேண்டும் என்பவர் அந்தப் பணத்தைச் சேர்த்துவைத்து எட்டு கோர் பிராசசருக்குப் போவது மேல்.

கூலர் நமக்கு வாங்கித் தருவது அமைதியை. எனக்கு அது பெரிய விஷயம். நாதஸ்வரத்துக்கும் பேச்சுக்கும் ஒலி அளவைச் சரிபார்க்கும்போது பக்கத்தில் இரைச்சல் ஓடிக்கொண்டிருந்தால் காது தவறு செய்கிறது. பிறகு முழு வீடியோவையும் மறுபடி செய்ய வேண்டியிருக்கிறது.

விமர்சன எண்களும் நம் அறை வெப்பமும்

கூலர் வாங்கும் முன் எல்லோரும் விமர்சனங்களைப் படிக்கிறோம். அவற்றில் வரும் எண்கள் பெரும்பாலும் 20 முதல் 25 டிகிரி வரையுள்ள அறைகளில் எடுத்தவை. இந்த நான்கு வழிகளில் எதுவும் பிராசசரைச் சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ச்சியாக வைக்க முடியாது. காற்றைவிட எத்தனை டிகிரி மேலே நிறுத்துகிறது என்பதுதான் ஒரு கூலரின் திறன். 22 டிகிரி அறையில் 68 காட்டும் கூலர், காற்றைவிட 46 டிகிரி மேலே நிற்கிறது. என் அறையின் 36 டிகிரியோடு அதே 46-ஐக் கூட்டினால் 82. பரவாயில்லை, தப்பித்தோம். ஆனால் அங்கே 80 காட்டும் கூலர் இங்கே 94-க்குப் போக வேண்டும். 90-இலேயே பிராசசர் வேகத்தை வெட்டத் தொடங்கிவிடும். குளிர் நாட்டு விமர்சகர் மனசாட்சியோடு "போதும்" என்று எழுதிய கூலர் நம் ஊர் மே மாதத்தில் போதாமல் போவது இந்தக் கூட்டல் கணக்கால்தான். கேபினட்டுக்குள் இருக்கும் காற்று அறைக் காற்றைவிட இன்னும் சில டிகிரி சூடாக இருக்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இருப்பதையே சரிசெய்வது

5600-இன் பெட்டியில் வரும் ரெய்த் ஸ்டெல்த், குட்டையான அலுமினியக் கூலர். வெப்பத்தை இழுத்துச் செல்லும் செம்புக் குழாய்கள் அதில் இல்லை. இணையம் பார்ப்பவர், கணக்கு எழுதுபவர், மாலையில் கொஞ்ச நேரம் விளையாடுபவர் ஆகியோருக்கு இது போதும். பெரும்பாலான விளையாட்டுகள் எல்லாக் கோர்களையும் ஒரே சீராகப் பிழிவதில்லை. இவர்களை "கூலர் மாற்றியே ஆக வேண்டும்" என்று பயமுறுத்துவதை நான் ஏற்கமாட்டேன்.

என்னைப் போல மணிக்கணக்கில் ரெண்டர் செய்பவரும் முதலில் மூன்று காரியங்களைச் செய்து பார்க்க வேண்டும். ஒன்று, கேபினட்டின் பக்கவாட்டு மூடியைக் கழற்றிவிட்டு அதே வேலையை ஓட்டிப் பார்ப்பது. வெப்பம் ஏழெட்டு டிகிரி இறங்கினால் குற்றம் கூலருடையது அன்று. உள்ளே காற்று வந்துபோக வழியில்லை என்று பொருள். முன்பக்கம் முழுவதும் கண்ணாடி போட்ட அழகான கேபினட்டுகளில் இதுதான் நடக்கிறது. பின்பக்கம் 120 மில்லிமீட்டர் விசிறி ஒன்றைச் சேர்த்தால் சில நூறு ரூபாயில் பாதிப் பிரச்சினை தீரும்.

அடுத்தது தூசி. இரண்டு ஆண்டுகள் திறக்காத என் ஸ்டெல்த்தின் விசிறியைக் கழற்றியபோது தகடுகளுக்கு நடுவே தூசி கம்பளிபோலப் படிந்திருந்தது. மெல்லிய தூரிகையால் எடுத்துவிட்டு, கூலரையும் கழற்றி, காய்ந்துபோன தெர்மல் பேஸ்ட்டை (பிராசசருக்கும் கூலருக்கும் நடுவே வெப்பத்தைக் கடத்தும் பசை) ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்து, புதிய பேஸ்ட்டைப் பட்டாணி அளவு வைத்தேன். கூலரை ஒருமுறை எடுத்துவிட்டால் பழைய பேஸ்ட்டின் மேலேயே திரும்ப உட்கார வைக்கக் கூடாது.

மூன்றாவது, பயோஸில், அதாவது கணினி தொடங்கும்போது திறக்கக்கூடிய மதர்போர்டின் அமைப்புப் பக்கத்தில் செய்யும் திருத்தம். அங்கே ஈகோ மோட் என்ற மின்சிக்கன அமைப்பை வைத்தால் 65 வாட் பிராசசர் 45 வாட் வகைபோல நடந்துகொள்ளும். ரெண்டர் கொஞ்சம் தாமதமாகும், வெப்பம் நன்றாகவே இறங்கும். மின்னழுத்தத்தைத் திருத்தும் கர்வ் ஆப்டிமைசர் என்ற அமைப்பில் எல்லாக் கோர்களுக்கும் மைனஸ் 10-இல் தொடங்கினால், அதே வேகத்தைக் குறைந்த மின்னழுத்தத்தில் தரவைக்கலாம். இதில் அவசரம் ஆகாது. ஒவ்வொரு படியிலும் சில நாட்கள் முழு வேலை கொடுத்துக் கணினி உறையாமல் இருக்கிறதா என்று பார்த்த பிறகே அடுத்த படிக்குப் போக வேண்டும்.

இந்த மூன்றையும் செய்த பிறகு ஐப்பசி முதல் மாசி வரை எனக்கு எந்தக் குறையும் இல்லை. பங்குனி பிறந்ததும் சத்தம் திரும்பி வந்தது.

ஒற்றை டவர், இரட்டை டவர்

டவர் கூலர் என்பது செம்புக் குழாய்களில் உலோகத் தகடுகளை அடுக்கி, கோபுரம்போல உயரமாக நிற்கும் கூலர். ஓர் அடுக்கு இருந்தால் ஒற்றை டவர், இரண்டு இருந்தால் இரட்டை டவர். அந்தக் குழாய்களுக்குள் குறைந்த அழுத்தத்தில் சிறிதளவு நீர் இருக்கிறது. அடியில் பிராசசரின் சூட்டில் ஆவியாகி, மேலே தகடுகளுக்குப் போய்க் குளிர்ந்து, உள்சுவரின் திரிபோன்ற அமைப்பு வழியாகத் திரும்ப இறங்குகிறது. பம்ப் இல்லை, பழுதாகும் பகுதி விசிறி மட்டும்தான். பெரிய தகட்டுப் பரப்பும் 120 மில்லிமீட்டர் விசிறியும் இருப்பதால் மெதுவாகச் சுற்றினாலே வேலை நடந்துவிடும். இந்த மெதுவில்தான் அமைதி இருக்கிறது. ஒரு விசிறியின் சுழற்சியைப் பாதியாக்கினால் சத்தம் ஏறத்தாழ 15 டெசிபல் குறையும்.

இந்த வகையில் டீப்கூல் ஏகே400 நல்ல எடுத்துக்காட்டு: நான்கு குழாய்கள், 155 மில்லிமீட்டர் உயரம், சுமார் 2,000 ரூபாயை ஒட்டிய விலை. ஸ்டெல்த்திலிருந்து இதற்கு மாறுவதுதான் இந்த நான்கு வழிகளில் ஒவ்வொரு ரூபாய்க்கும் அதிகப் பலன் தரும் மாற்றம். வாங்கும் முன் கேபினட் எத்தனை மில்லிமீட்டர் உயரக் கூலரை ஏற்கும் என்று கையேட்டில் பார்த்துவிட வேண்டும். ஒல்லியான கேபினட்டில் மூடி மூடாது.

டவரின் ஒரு பலவீனத்தை விற்பனையாளர்கள் சொல்வதில்லை. ஸ்டெல்த்தின் விசிறி கீழ்நோக்கி ஊதுகிறது. அந்தக் காற்று, பிராசசருக்கு ஏற்ற மின்னழுத்தத்தைத் தரும் மதர்போர்டின் மின்சீராக்கிப் பகுதியின் மேலும் பட்டு அதையும் குளிர்விக்கிறது. டவரின் விசிறி பின்பக்கமாக ஊதுவதால் அந்தக் காற்று நின்றுபோகிறது. மின்சீராக்கியின் மேல் ஹீட்சிங்க் (சூட்டை வாங்கிப் பரப்பும் உலோகக் கட்டி) இல்லாத மலிவான மதர்போர்டு என்றால், டவர் மாட்டுபவர் கேபினட்டின் பின்பக்க விசிறியையும் கட்டாயம் வைக்க வேண்டும். பிராசசரைக் காப்பாற்றி மதர்போர்டை வேகவைப்பதில் பொருளில்லை.

இரட்டை டவரைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். தெர்மல்ரைட் பீர்லெஸ் அசாசின் 120 எஸ்இ ஆறு குழாய்களோடு வருகிறது. நாக்டுவா என்எச்-டி15 காற்றுக் கூலர்களில் பல ஆண்டுகள் உச்சத்தில் இருந்தது; 165 மில்லிமீட்டர் உயரமும் விசிறிகளோடு 1.3 கிலோ எடையும் கொண்டது. இரண்டும் சிறந்த பொருள்கள். ஆனால் 5600-க்கு இவை மிகை. இந்தப் பிராசசரின் ஆறு கோர்களும் ஏறத்தாழ 80 சதுர மில்லிமீட்டர் சில்லு ஒன்றில் இருக்கின்றன. அந்தச் சிறிய இடத்திலிருந்து மேல்மூடிக்கு வெப்பம் ஏறி வருவதே இங்கே நெரிசலான கட்டம். மூடிக்கு மேலே எத்தனை பெரிய மலையை வைத்தாலும் அந்த நெரிசல் விலகாது; இன்னும் சில டிகிரிதான் கிடைக்கும். வருங்காலத்தில் 12 அல்லது 16 கோர் பிராசசருக்குப் போகும் திட்டம் இருந்தால் மட்டும் இப்போதே இரட்டை டவர் வாங்கலாம். 5600 பொருந்தும் ஏஎம்4 வகை மதர்போர்டின் சொந்தப் பின்தகட்டில் (பலகைக்குப் பின்னாலிருந்து கூலரைப் பிடிக்கும் தகடு) மாட்டும் கூலர்களில் பெரும்பாலானவை அடுத்த தலைமுறையான ஏஎம்5-இலும் பொருந்தும் என்பதால் அந்தப் பணம் வீணாகாது.

லிக்விட் கூலர்

கண்ணாடிக்குப் பின்னால் ஒளிரும் லிக்விட் கூலரைப் பார்த்து மயங்காதவர் குறைவு. அதன் வேலை, சூட்டை நீரில் ஏற்றி, பம்ப் மூலம் ரேடியேட்டருக்கு, அதாவது விசிறிகள் மாட்டிய தகட்டுப் பெட்டிக்குக் கொண்டுபோவது. அங்கே கடைசியில் காற்றுதான் குளிர்விக்க வேண்டும், அதுவும் என் அறையின் 36 டிகிரிக் காற்று. உள்ளே இருக்கும் நீர் சூடாகச் சில நிமிடங்கள் ஆகும் என்பதால் இரண்டு நிமிடச் சோதனையில் மிகவும் நன்றாகத் தெரியும். என் வேலை நாற்பது நிமிடம் ஓடுகிறது. அதற்குள் நீர் முழுச் சூட்டுக்கு வந்து, அந்தத் தொடக்கச் சலுகை முடிந்துவிடும்.

240 மில்லிமீட்டர் ரேடியேட்டர் உள்ள லிக்விட் கூலர், நல்ல ஒற்றை டவரைப்போல இரண்டு மடங்குக்கு மேல் விலை. இரண்டு விசிறிகளின் சத்தத்தோடு பம்பின் ரீங்காரமும் சேரும். குழாய்ச் சுவர் வழியாகத் திரவம் ஆண்டுக்கணக்கில் மெல்லக் குறைந்துகொண்டே வரும். டவரின் விசிறி நின்றால் புது விசிறி ஒன்றைச் சில நூறு ரூபாய்க்கு மாட்டிவிடலாம். இதில் பம்ப் நின்றால் பெரும்பாலும் மொத்தமாகத் தூக்கிப்போட வேண்டியதுதான். மின்சீராக்கிப் பகுதிக்குக் காற்று கிடைக்காத குறை இங்கே இன்னும் அதிகம்.

அதற்கென்று இடமே இல்லை என்று சொல்லவில்லை. இன்டெலின் கோர் ஐ9-14900கே போல 253 வாட் வரை இழுக்கும் பிராசசரை நாள் முழுவதும் முழு வேகத்தில் ஓட்டுபவருக்கு 360 மில்லிமீட்டர் ரேடியேட்டர் நியாயமான செலவு. உயரமான டவருக்கு இடமில்லாத சிறிய கேபினட்டுக்கும் இது உதவும். அப்போதும் பம்ப் மொத்த அமைப்பின் உச்சியில் வராதபடி பார்த்துக்கொள்ள வேண்டும். உள்ளே சேரும் காற்றுக் குமிழ்கள் உச்சிக்குத்தான் போகும். 76 வாட் பிராசசருக்கு லிக்விட் கூலர் என்பது தெருக்குழாயில் பிடித்த ஒரு குடம் தண்ணீரை லாரியில் ஏற்றிக்கொண்டு வருவதைப் போன்றது.

நான் எடுத்தது

ஒற்றை டவரைத்தான் வாங்கினேன். கூடவே பின்பக்க விசிறி ஒன்று. மே மாதத்தில், அதே 36 டிகிரியில், அதே நீள வீடியோவுக்கு 80-ஐ ஒட்டி நிற்கிறது. ரெண்டர் ஓடும்போது கூடத்தில் எதுவும் கேட்பதில்லை. என் தம்பியும் இதே பிராசசர்தான் வைத்திருக்கிறான், ஊட்டியில். அவனிடம் பேஸ்ட்டை மட்டும் மாற்றச் சொன்னேன்.

மாற்றத் துணிபவர்கள் கழற்றும் கட்டத்தில்தான் கவனமாக இருக்க வேண்டும். ஏஎம்4 பிராசசரின் அடியில் 1,331 ஊசிகள் இருக்கின்றன. பேஸ்ட் இறுகிப்போயிருந்தால், கூலரை நேராக மேலே இழுக்கும்போது பிராசசர் உட்காரும் சாக்கெட்டின் பூட்டையும் மீறிப் பிராசசர் கூலரோடு ஒட்டிக்கொண்டு வந்துவிடும். ஊசி வளைந்தால் பெரிய தலைவலி. பத்து நிமிடம் கனமான வேலை ஒன்றை ஓட்டிப் பேஸ்ட்டை இளக வைத்து, கணினியை அணைத்து, மின்கம்பியை உருவிவிட்டு, திருகுகளைக் கழற்றியதும் கூலரை இடமும் வலமும் மெல்லத் திருகி, பிடி விட்ட பிறகே தூக்க வேண்டும். ஸ்டெல்த்தின் நான்கு திருகுகளும் பின்தகட்டைத்தான் பிடித்திருக்கின்றன. கழற்றியவுடன் அந்தத் தகடு பின்பக்கம் விழுந்துவிடும் என்பதால் ஒரு கையால் தாங்கிக்கொள்ள வேண்டும். சில கூலர்கள் மதர்போர்டோடு வந்த பிளாஸ்டிக் தாங்கிகளில் மாட்டுபவை. ஸ்டெல்த்தைப் பொருத்தியபோது அவற்றைக் கழற்றியிருப்பார்கள். மதர்போர்டுப் பெட்டியில் தேடி எடுத்து வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்குவது நல்லது.

மாட்டி முடித்த பிறகு, பழைய கூலரில் ஓட்டிய அதே கோப்பை அதே நேர அளவுக்கு ஓட்டி, இரண்டு முறையும் அறை வெப்பத்தைக் குறித்துக்கொண்டு, அதைக் கழித்துவிட்டு ஒப்பிட வேண்டும். கழற்றிய ஸ்டெல்த்தைத் துடைத்துப் பெட்டியிலேயே வைத்திருக்கிறேன். பிராசசரை விற்கும் நாளில், கூலரோடு கொடுத்தால் வாங்குபவருக்கு வேறு கூலர் தேடும் வேலை இருக்காது.