ரோபோ போட்டியின் பெயரில் நடந்த 'முடிவு கணிப்பு': திருகோணமலைப் பெற்றோருக்கு ஓர் எச்சரிக்கை

திருகோணமலை நகரிலும் உப்புவெளி, நிலாவெளி, கிண்ணியாப் பக்கங்களிலும் பிள்ளைகளை ரோபோட்டிக்ஸ் வகுப்புக்கு அனுப்பும் பெற்றோர் இதை முழுமையாக வாசிக்க வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன். 2025 ஏப்ரலில் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் நடந்த ஃபர்ஸ்ட் ரோபோட்டிக்ஸ் வாகையர் போட்டியின் இறுதிக் கட்ட முடிவுகளை முன்கூட்டியே கணித்துச் சொல்லும் போட்டி என்று அறிவித்து, நமது நகரில் வகுப்பு நடத்தும் ஒரு நிலையம் ஒரு பிள்ளையிடம் 750 ரூபா வீதம் வாங்கியது. அந்தப் போட்டியின் பெறுபேறு நேர்மையாகக் கணக்கிடப்படவில்லை என்பதற்கான சான்றுகள் என்னிடம் உள்ளன. அதே ஆட்கள் இப்போது இரண்டாவது போட்டிக்குப் பணம் சேர்க்கத் தொடங்கியிருப்பதால், தெரிந்தவற்றை ஒழுங்காக எழுதி வைக்கிறேன். நிலையத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. முறைப்பாடு விசாரணையில் இருக்கும்போது அது முறையாகாது. பணம் கட்டியவர்களுக்கு எந்த நிலையம் என்பது தெரியும்.

பிள்ளைகள் ஏன் இவ்வளவு ஆர்வத்தோடு சேர்ந்தார்கள் என்பதை முதலில் சொல்ல வேண்டும். டீன் கேமன் 1989 இல் தொடங்கிய ஃபர்ஸ்ட் அமைப்பு 1992 முதல் பாடசாலை மாணவர்களுக்காக இந்தப் போட்டியை நடத்தி வருகிறது; ஒவ்வோர் ஆண்டும் விளையாட்டே புதிதாக மாறும். 2025 ஆம் ஆண்டின் விளையாட்டு பவளப்பாறையை மையமாகக் கொண்டது. வெள்ளை நிறப் பிவிசி குழாய்த் துண்டுகளைப் 'பவளம்' என்று கொண்டு, கிளைகளோடு நிற்கும் ஒரு 'பாறை'யில் நான்கு மட்டங்களில் ரோபோக்கள் செருக வேண்டும். பச்சை நிறப் பந்துகளாகிய 'பாசி'யை அகற்றி உரிய இடத்தில் போட வேண்டும். முடிவில் தொங்கும் கூண்டொன்றைப் பிடித்துத் தரையை விட்டு மேலே ஏற வேண்டும். ஓர் ஆட்டம் இரண்டரை நிமிடம். அதில் முதல் 15 விநாடியும் ரோபோ தானாகவே இயங்க வேண்டும். புறாத்தீவுக்குப் படகில் போய் உண்மையான பவளப்பாறையைப் பார்த்து வளர்ந்த நமது பிள்ளைகளுக்கு இந்த விளையாட்டு எவ்வளவு பிடித்துப்போயிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. உயர்தரத்தில் பொறியியற் தொழினுட்பம் படிக்கும் என் மகள், சித்திரைப் புத்தாண்டு விடுமுறை முழுவதும் அணிகளின் பழைய ஆட்டக் காணொளிகளைப் பார்த்துக் குறிப்பெழுதிக்கொண்டிருந்தாள். அந்த ஆர்வத்தைத்தான் இவர்கள் காசாக்கினார்கள். எனக்கு மிகவும் நோகிறது.

இனி, கணிப்பு எப்படி நடந்தது என்பதைப் பார்ப்போம். வாகையர் போட்டியில் ஆர்க்கிமிடிஸ், கியூரி, டேலி, கலிலியோ, ஹொப்பர், ஜோன்சன், மில்ஸ்டீன், நியூட்டன் என்று எட்டுப் பிரிவுகள் உண்டு. ஒவ்வொரு பிரிவிலும் வெல்லும் கூட்டணி, அதாவது சேர்ந்து ஆடும் சில அணிகள், ஐன்ஸ்டைன் என்று அழைக்கப்படும் இறுதிக் களத்துக்கு வரும். 2023 முதல் அங்கே இரட்டைத் தோல்வி முறையில் ஆடுகிறார்கள். அதாவது ஒருமுறை தோற்ற கூட்டணி வெளியேறுவதில்லை. கீழ்வரிசைக்கு இறங்கி, அங்கே தொடர்ந்து வென்றால் இறுதியாட்டத்துக்கும் வரலாம். இரண்டாவது முறை தோற்றால்தான் வெளியேற்றம். இப்படி 13 ஆட்டங்களும், மூன்றில் இரண்டை வெல்ல வேண்டிய ஓர் இறுதிச் சுற்றும் சேர்ந்து 14 முடிவுகள். நிலையம் தந்த கூகுள் படிவத்தில் இந்தப் 14க்கும் வெல்லும் பிரிவைத் தெரிவு செய்ய வேண்டும். முதற்சுற்றின் நான்கு ஆட்டங்களுக்கு ஒவ்வொரு புள்ளி, இரண்டாம் சுற்றின் நான்குக்கு இரண்டிரண்டு, மூன்றாம் சுற்றின் இரண்டுக்கு மும்மூன்று, நான்காம் சுற்றின் இரண்டுக்கு நந்நான்கு, கீழ்வரிசை இறுதிக்கு ஐந்து, மாபெரும் இறுதிக்குப் பத்து. எல்லாவற்றையும் கூட்டினால் 41. முதற்பரிசு மடிக்கணினி, அடுத்த பத்துப் பேருக்கு ஆர்டுயினோ என்ற சிறு மின்னணுப் பலகையோடு கூடிய பயிற்சிப் பொதி. படிவம் ஏப்ரல் 19 சனிக்கிழமை நள்ளிரவு மூடப்படும் என்று அறிவித்தலிலேயே அச்சிட்டிருந்தார்கள். ஐன்ஸ்டைன் ஆட்டங்கள் சனி பிற்பகலில்தான் நடந்தன; ஹூஸ்டனில் சனி பிற்பகல் 2 மணி என்பது நமக்கு ஞாயிறு அதிகாலை 12.30 ஆகையால், அந்த நேரம் சரியாகத்தான் தெரிவு செய்யப்பட்டிருந்தது.

ஞாயிறு உயிர்த்த ஞாயிறு. திங்கட்கிழமை மாலை வட்ஸ்அப் குழுவில் பெறுபேற்றுப் பட்டியல் வந்தது. முதலிடம் பெற்றவருக்கு 43 புள்ளிகள். மொத்தமே 41 புள்ளிகள் உள்ள போட்டியில் 43 எப்படி வரும் என்று மகள்தான் முதலில் கேட்டாள். "தங்கச்சி, முந்திப் பதிவு செய்தவைக்கு ரெண்டு புள்ளி போனஸ் குடுத்தனாங்கள்" என்று பதில் வந்தது. அறிவித்தலில் அப்படி ஒரு வரியும் இல்லை. அதை விட்டுவிட்டாலும், மீதி 41 என்பது பதினான்கு முடிவுகளையும் ஒன்றுகூடத் தவறாமல் சரியாகச் சொன்னதாகிறது. பதினான்கு ஆட்டங்களுக்கு இரண்டிரண்டு வழி வைத்துப் பெருக்கினால் 16,384 விதமான விடைத்தாள்கள் வரும். பலமான கூட்டணி எது என்று தெரிந்தவருக்கு வாய்ப்புக் கொஞ்சம் கூடும் என்பது உண்மைதான். ஆனாலும் அப்படி ஒருவர் நம் நகரத்தில் இருந்தால் அவரைப் பிள்ளைகள் ஒருவருக்காவது தெரிந்திருக்க வேண்டும். ஒருவருக்கும் தெரியவில்லை.

மகளுக்கு 21 புள்ளிகள் என்று போட்டிருந்தார்கள். படிவத்தை அனுப்பியவுடன் மின்னஞ்சலுக்கு வந்த பிரதி அவளிடம் இருந்ததால், அதிகாரபூர்வ முடிவுகளோடு ஒப்பிட்டு நாங்களே கணக்குப் பார்த்தோம். இந்த முடிவுகள் ஒளிவுமறைவானவை அல்ல. ஒவ்வோர் ஆட்டத்தின் புள்ளியும் ஃபர்ஸ்ட் அமைப்பின் தளத்திலும், தன்னார்வலர்கள் நடத்தும் தி புளூ அலையன்ஸ் தளத்திலும் யாரும் பார்க்கக்கூடியதாக உள்ளது. முதற்சுற்றில் ஒன்று, கீழ்வரிசையின் இரண்டாம் சுற்றில் ஒன்று, கீழ்வரிசை இறுதி ஆகிய மூன்றைத்தான் அவள் தவறவிட்டிருந்தாள். ஒன்று, இரண்டு, ஐந்து என்று எட்டுப் புள்ளிகள் போனால் 33 வர வேண்டும். மீதிப் பன்னிரண்டு எங்கே போயின என்று பார்த்தபோது, கீழ்வரிசையில் அவள் சரியாகச் சொன்ன நான்கு ஆட்டங்களுக்கும் பூச்சியம் போட்டிருப்பது தெரிந்தது. காரணம் கேட்டதற்கு, முந்திய ஆட்டத்தில் தோற்கும் என்று ஒரு பிரிவைக் குறித்துவிட்டுப் பிறகு அதே பிரிவு வெல்லும் என்று எழுதினால் அது முரண், ஆகவே புள்ளி இல்லை என்றார்கள். இரட்டைத் தோல்வி முறை என்றால் என்னவென்று தெரியாதவர் சொல்லும் பதில் இது. தெரியாமற் செய்த பிழை என்றே ஏற்றுக்கொண்டாலும், ஒரு கேள்வி மிஞ்சுகிறது. கீழ்வரிசை ஆட்டங்களுக்கு உரிய புள்ளிகள் மொத்தம் 19. அவற்றை எல்லாருக்கும் மறுத்திருந்தால், அவர்கள் சொன்ன விதிப்படி யாருமே 22க்கு மேல் எடுத்திருக்க முடியாது. முதலிடம் பெற்றவருக்கு மட்டும் அந்த 19 புள்ளிகளும் முழுதாகக் கிடைத்திருக்கின்றன.

இதைக் குழுவில் எழுதியவுடன் வேறு பெற்றோரும் கேட்கத் தொடங்கினார்கள். நெருக்கடி கூடியதால், எல்லாருடைய பதிவுகளும் இருக்கும் விரிதாளைப் பார்வைக்கு மட்டும் திறந்துவிட்டார்கள். இருநூறுக்கு மேற்பட்ட வரிசைகள் இருந்தன. கணினியில் அதைத் திறந்து பார்த்தபோது, முதலிடம் பெற்றவரின் வரிசையில் நேரம் 'ஏப்ரல் 20, காலை 8.47' என்று இருந்தது. அப்போது ஹூஸ்டனில் சனி இரவு 10.17, கடைசி ஆட்டமும் முடிந்துவிட்டது. அதைவிட முக்கியமான ஒன்றையும் மகள் காட்டினாள். அந்த வரிசையில் ஒன்பது கலங்களின் வலது மேல் மூலையில் சின்னக் கறுப்பு முக்கோணம் இருந்தது. சுட்டியை அதன்மேல் கொண்டுபோனால், பதிலளித்தவர் இந்த விடையை மாற்றியிருக்கிறார் என்ற குறிப்பு விரிந்தது. கூகுள் படிவத்தில் அனுப்பிய பிறகு திருத்தலாம் என்ற வசதியைத் திறந்து வைத்திருந்தால், திருத்தப்பட்ட கலங்களில் இப்படிக் குறிப்பு விழும். நேரமும் திருத்திய நேரமாக மாறிவிடும். வேறு எந்த வரிசையிலும் அந்த முக்கோணம் இல்லை. மற்றவர்களுக்குத் திருத்தும் இணைப்பே தரப்படவில்லை என்பது பிறகு விசாரித்ததில் தெரியவந்தது.

நான் நிலையத்துக்குத் தொலைபேசியில் அழைத்தேன். பொறுப்பாக இருந்தவர் மரியாதையாகத்தான் பேசினார். "ஐயா, அது நேர வலயப் பிழை. விரிதாள் வேற நாட்டு நேரத்தில இருக்கு" என்றார். அப்படியானால் என் மகளின் வரிசையில் இரவு 9.40 என்று இருப்பதும் பிழையாக இருக்க வேண்டும். ஆனால் அவளுக்கு மின்னஞ்சல் வந்ததும் இலங்கை நேரம் 9.40க்குத்தான் என்று சொன்னேன். அவர் திரும்ப அழைப்பதாகச் சொல்லித் துண்டித்தார். அன்றிரவே விரிதாளிலிருந்து நேர நிரல் நீக்கப்பட்டது. மகளும் கேள்வி கேட்ட இன்னும் சில பிள்ளைகளும் குழுவிலிருந்து அகற்றப்பட்டார்கள். நல்லவேளையாக, விரிதாளைக் கண்டவுடனே அதன் பிரதியையும் திரைப்பிடிப்புகளையும் எடுத்து வைத்திருந்தோம்.

பொதி கிடைத்தவர்களின் கதை தனி. பொருள் வெளிநாட்டிலிருந்து வருவதால் சுங்கத் தீர்வைக்கென்று 3,500 ரூபா அனுப்பச் சொல்லியிருக்கிறார்கள். கிண்ணியாவில் ஒரு தாய் கடன் பட்டு அனுப்பினார். வந்த பெட்டியில் ஆர்டுயினோ வகையான ஊனோ பலகை ஒன்றும், இணைப்புக் கம்பிகளும், சில மின்குமிழ்களும் இருந்தன. அறிவித்தலில் படத்தோடு காட்டிய மீயொலி உணரி, சேர்வோ மோட்டர், மோட்டர் இயக்கி ஆகிய எதுவும் இல்லை. ஊனோ பலகையின் வடிவமைப்பு யாரும் பயன்படுத்தக்கூடியது என்பதால் அது நகல் பலகை என்பதை நான் குறையாகச் சொல்லவில்லை. இல்லாத பொருளைக் காட்டிப் பணம் வாங்கியதுதான் குறை. பெட்டியில் ஒட்டியிருந்த விலாசச் சீட்டு உள்ளூர்க் கூரியருடையது. சுங்கத்தைக் கடந்து வந்ததற்கான ஒரு தாளும் அதில் இல்லை. மடிக்கணினி யாருக்கும் கொடுக்கப்பட்டதாகப் படம்கூட வெளியாகவில்லை.

பணம் எங்கே போனது என்பதையும் கவனியுங்கள். வகுப்புக் கட்டணம் நிலையத்தின் பெயரிலுள்ள கணக்குக்குப் போகிறது; இந்த 750 ரூபா மட்டும் ஒரு தனிநபரின் கணக்குக்குப் போடச் சொல்லப்பட்டது. பற்றுச்சீட்டுத் தரவில்லை. சேராத பிள்ளைகளைப் பார்த்து வகுப்பில் "ஆர்வமில்லாத ஆக்கள்" என்று சொல்லியிருக்கிறார்கள். பதினைந்து வயதுப் பிள்ளைக்கு அந்தச் சொல் எப்படிப் படும் என்பது ஆசிரியர்களுக்குத் தெரியாததல்ல.

இப்போது அறிவித்திருக்கும் இரண்டாவது போட்டி, 2025 ஒக்டோபர் இறுதிக்கென்று பனாமா நகரில் ஏற்பாடான ஃபர்ஸ்ட் குளோபல் போட்டியைப் பற்றியது. ஒவ்வொரு நாட்டிலிருந்தும் ஒரே ஓர் அணி என்ற முறையில் நடப்பது அது. நம் நாட்டுப் பிள்ளைகளும் அந்த மேடைக்குப் போயிருக்கிறார்கள் என்பதால் இங்கே ஆர்வம் இன்னும் கூடுதலாக இருக்கும். கட்டணம் இம்முறை 1,000 ரூபா. நாட்டு அணிக்கு உதவி என்ற வாசகத்தையும் சேர்த்திருக்கிறார்கள். எந்த வழியாக, யாரிடம் அந்த உதவி போய்ச் சேரும் என்று ஒரு வரியும் இல்லை. தயவுசெய்து பணம் அனுப்பாதீர்கள். பிள்ளை கணித்துப் பார்க்க விரும்பினால், வீட்டிலேயோ பாடசாலைக் கழகத்திலேயோ தாளில் எழுதி, ஆட்டம் தொடங்குமுன் எல்லாருடைய தாளையும் படமெடுத்து எல்லாருக்கும் அனுப்பிவிட்டால் போதும். ஒரு சதமும் செலவில்லை, பிறகு யாரும் எதையும் மாற்றவும் முடியாது.

ஏற்கெனவே பணம் கட்டியவர்கள் வங்கி வைப்புச் சீட்டு அல்லது இணையவழிப் பரிமாற்றப் பதிவு, அறிவித்தலின் படம், படிவத்தின் மின்னஞ்சல் பிரதி ஆகியவற்றை அழிக்காமல் வைத்திருங்கள். பொதிக்காக 3,500 ரூபா கட்டியவர்கள் பெட்டியையும் விலாசச் சீட்டோடு வைத்திருங்கள். நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற இலக்கத்தில் முறையிடலாம்; 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டப்படி ஏமாற்றும் வகையில் வியாபாரம் செய்வது குற்றம். எனது எழுத்துமூல முறைப்பாட்டைக் கச்சேரியில் (மாவட்டச் செயலகத்தில்) ஒப்படைத்து, கையொப்பமிட்ட பிரதியை வாங்கியிருக்கிறேன். பொலிஸ் நிலையத்திலும் பதிவு செய்திருக்கிறேன். ஒருவரின் முறைப்பாடு 750 ரூபா விவகாரமாகத்தான் தெரியும். பலருடையது சேர்ந்தால் தொகையும் செய்தவிதமும் தெளிவாகும். ஆகவே பணம் கட்டியவர்கள் தனித்தனியாகத் தங்கள் பெயரிலேயே எழுதிக் கொடுங்கள். விரிதாளின் பிரதி தேவைப்படும் பெற்றோர், தங்கள் பிள்ளையின் வரிசையை மட்டும் என்னிடம் கேட்டுப் பெற்றுக்கொள்ளலாம். மற்றப் பிள்ளைகளின் பெயரும் தொலைபேசி இலக்கமும் அதில் இருப்பதால் முழுவதையும் நான் பகிரமாட்டேன்.