கேனான், சோனி, ஃபியூஜி: நெடுநாள் பழகியபின் ஒரு கணக்கு

"கேனான் கேமரா வாங்கலாமா, சோனி வாங்கலாமா?" என்று கேட்பவர்களிடம் "எந்த லென்ஸ் வேண்டும்?" என்று திருப்பிக் கேட்பது என் வழக்கம். சிலருக்கு எரிச்சலாகத்தான் இருக்கும். ஒரு பாடியின், அதாவது லென்ஸ் இல்லாத கேமராவின், பெயரைச் சொல்லிவிட்டால் போதுமே என்று நினைப்பார்கள். பாடி நான்கைந்து வருடத்தில் பழசாகிவிடும். நல்ல லென்ஸ் அதைத் தாண்டியும் கூடவே வரும், விற்றாலும் காசு தேறும். எந்த மவுன்ட்டுக்குள், அதாவது பாடியில் லென்ஸைப் பூட்டும் எந்த வகை இணைப்புக்குள், இத்தனை வருடம் குடியிருக்கப் போகிறோம் என்பதை முடிவு செய்துவிட்டால், பிராண்டு தானாக முடிவாகிவிடும்.

நான் நெடுநாள் வைத்துப் பழகியவை மூன்று. முதலில் உள்ளே கண்ணாடி வைத்த டிஎஸ்எல்ஆரான கேனான் 60டி, பிறகு சோனி ஏ7 மார்க் 3, வெளியூர் போகும்போது பைக்குள் போட்டுக்கொள்ள ஃபியூஜிஃபிலிம் எக்ஸ்-டி30. பின்னவை இரண்டும் கண்ணாடி இல்லாத மிரர்லெஸ். நிக்கான் இசட்6 என்னுடையது இல்லை. உறவினர் ஒருவரிடம் அவ்வப்போது வாங்கிப் பயன்படுத்தியதுதான். அதனால் நிக்கானைப் பற்றி அதிகம் பேசப் போவதில்லை.

படத்தின் தரத்தை வைத்துப் பிராண்டைத் தேர்ந்தெடுக்காதீர்கள். நிக்கானும் ஃபியூஜியும் தங்கள் கேமராக்கள் பலவற்றில் பயன்படுத்துவது சோனி குழுமம் தயாரிக்கும், வெளிச்சத்தைப் படமாக்கும் சென்சார்களைத்தான். ஒரே அளவுள்ள சென்சாரில் 24 மெகாபிக்சல் படம் எடுத்து, கேமரா மெருகேற்றாத ராவ் கோப்பைச் சரிசெய்து அச்சிட்டால், எது எந்தக் கேமராவில் எடுத்தது என்று கண்டுபிடிக்க முடியாது. கேமராவே மெருகேற்றித் தரும் ஜேபெக்கில் மட்டும் வித்தியாசம் தெரியும். கேனானின் தோல் நிறம் பலருக்குப் பிடிக்கும், எனக்கும் பிடிக்கும். ஃபியூஜியில் பழைய ஃபிலிம்களின் பெயரிலேயே ப்ரோவியா, வெல்வியா, அக்ரோஸ் என்று நிற அமைப்புகள் வருகின்றன. கம்ப்யூட்டரில் உட்கார்ந்து படங்களைத் திருத்தப் பொறுமை இல்லாதவருக்கு இது உண்மையிலேயே பெரிய காரணம். எக்ஸ்-டி30-இல் எடுத்தவற்றில் பெரும்பாலானவை நான் கைவைக்காத ஜேபெக்தான்.

அடுத்தது சென்சார் அளவு. ஃபுல் ஃபிரேம் என்பது 36-க்கு 24 மி.மீ. அதைவிடச் சிறியது கிராப் சென்சார். அதில் மாட்டும் லென்ஸின் மி.மீ.-ஐ எத்தனையால் பெருக்கினால் ஃபுல் ஃபிரேமில் அதே கோணம் காட்டும் மி.மீ. வரும் என்ற கணக்கு சோனி, நிக்கான், ஃபியூஜிக்கு 1.5, கேனானுக்கு 1.6, இன்னும் சிறிய சென்சாரான மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸுக்கு 2. பறவை எடுப்பவருக்கு இது லாபம். மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸில் 300 மி.மீ. லென்ஸ் போட்டால் ஃபுல் ஃபிரேமில் 600 மி.மீ. காட்டும் கோணம் கிடைக்கும், தோளும் தப்பிக்கும். வீட்டுக்குள் இரவு வெளிச்சத்தில் ஓடியாடும் குழந்தைகளை எடுப்பவருக்குப் பெரிய சென்சார் உதவும். ஆனால் எவ்வளவு உதவும் என்பதில்தான் பலர் கணக்குப் போடுவதில்லை. கிராப்பிலிருந்து ஃபுல் ஃபிரேமுக்குப் போனால் கிடைப்பது ஏறக்குறைய ஒரு ஸ்டாப், அதாவது இரண்டு மடங்குக்குச் சற்றே அதிகமான வெளிச்சம். அதே கிராப் பாடியில், பாடியோடு சேர்ந்து வரும் கிட் ஜூமை 50 மி.மீ. பக்கம் நீட்டினால் எஃப் 5.6 ஆகிவிடும் (எஃப் எண் சிறியதானால் வெளிச்சம் அதிகம்). அந்த இடத்தில் ஜூம் இல்லாத எஃப் 1.8 பிரைம் லென்ஸ் ஒன்றை மாட்டினால் வெளிச்சம் ஏறக்குறைய பத்து மடங்கு. ஒரு பாடியை மாற்றும் செலவில் சிறு பங்குதான் அந்த லென்ஸ். ஆனாலும் எல்லோரும் முதலில் பாடியைத்தான் மாற்றுகிறார்கள். விளம்பரம் பாடிக்குத்தானே வருகிறது!

மவுன்ட் விஷயத்தில் ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு சரித்திரம் உண்டு, அது நம் பர்ஸைத் தொடும். கேனான் 1987-இல் கொண்டுவந்த இஎஃப் மவுன்ட் முழுக்க மின் இணைப்பில் இயங்குவது. அதனால் 2018-இல் வந்த புதிய ஆர்எஃப் மவுன்ட் பாடிகளில், நடுவே பொருத்தும் ஒரு அடாப்டர் வைத்து அந்தப் பழைய லென்ஸ்களை ஆட்டோ ஃபோகஸோடு பயன்படுத்தலாம். நிக்கானின் எஃப் மவுன்ட் 1959-ஐச் சேர்ந்தது. அந்தக் குடும்பத்தில் பாடிக்குள் இருக்கும் மோட்டாரை நம்பி ஃபோகஸ் செய்யும் பழைய லென்ஸ்கள் உண்டு. அவை எஃப்டிஇசட் அடாப்டர் வழியாக நிக்கானின் மிரர்லெஸ் இசட் பாடிகளில் மாட்டும், ஆனால் ஃபோகஸைக் கையால்தான் திருப்ப வேண்டும். தாத்தா காலத்து நிக்கான் லென்ஸ்கள் பீரோவில் இருக்கின்றன என்று அதே பிராண்டில் மிரர்லெஸ் வாங்குபவர்கள், அவை எந்த வகை என்று பார்த்துவிட்டு வாங்கட்டும்.

சோனி தன் ஈ மவுன்ட்டை 2010-இல் கொண்டுவந்து, அடுத்த வருடமே அதன் அடிப்படை விவரங்களை மற்ற லென்ஸ் தயாரிப்பாளர்களுக்குத் திறந்துவிட்டது. சிக்மாவும் டாம்ரானும் அதற்கு இத்தனை லென்ஸ் செய்வது அதனால்தான். கேனானின் ஆர்எஃப்-இல் இந்த இரண்டு கம்பெனிகளின் ஆட்டோ ஃபோகஸ் லென்ஸ்கள் 2024-இல்தான் வரத் தொடங்கின, அதுவும் கிராப் சென்சாருக்கு மட்டும் என்ற அளவில். நான் கேனானை விட்டு வந்ததும் இதனால்தான். எனக்கு வேண்டியிருந்தது தூக்கிக்கொண்டு நாள் முழுக்க நடக்கக்கூடிய எஃப் 2.8 ஜூம். 2018-இல் சோனிக்கு டாம்ரான் 28-75 வந்தது. எடை 550 கிராம். அப்போது சோனியின் சொந்த 24-70 ஜி மாஸ்டர் 886 கிராம், விலையும் பல படி மேலே. அந்த டாம்ரானுக்காகத்தான் பாடியே வாங்கினேன் என்று சொன்னால் மிகையில்லை. இன்றும் என் படங்களில் பெரும்பகுதி அதில் எடுத்ததுதான்.

மவுன்ட்டுகள் செத்தும் போகும். சாம்சங் என்எக்ஸ், நிக்கான் 1, கேனான் இஎஃப்-எம் மூன்றும் பெரிய கம்பெனிகள் தொடங்கி நிறுத்தியவைதான். இஎஃப்-எம் லென்ஸை ஆர்எஃப் பாடியில் மாட்டவும் வழியில்லை. செகண்ட் ஹேண்டில் இவை மலிவாகக் கண்ணில் படும். ஒரு பாடி, ஒரு லென்ஸ், அதோடு சரி என்றால் வாங்கலாம். வளர வேண்டும் என்றால் வேண்டாம்.

கையில் பிடிக்கும் விஷயத்தை எந்த விவரப் பட்டியலும் சொல்லாது. 60டி 755 கிராம், ஆனால் கைக்குள் அமர்ந்த விதத்தில் அந்த எடை தெரிந்ததே இல்லை. எக்ஸ்-டி30 அதில் பாதி, 383 கிராம். 27 மி.மீ. தட்டையான பான்கேக் லென்ஸோடு சட்டைப் பைக்கு அருகில் வந்துவிடும். பேட்டரியில் நிலைமை வேறு. கம்பெனிகள் சொல்லும் கணக்கின்படி 60டி-க்கு, கண் வைத்துப் பார்க்கும் வ்யூஃபைண்டரில், ஒரு சார்ஜுக்கு 1,100 படம், ஏ7 மார்க் 3-க்கு 610, எக்ஸ்-டி30-க்கு 380. நிகழ்ச்சி எடுப்பவர் மிரர்லெஸ் வாங்கும்போது கூடுதல் பேட்டரியின் விலையையும் பட்ஜெட்டில் சேர்த்தே பார்க்க வேண்டும். நிக்கானில் ஒரு சின்ன விஷயம்: லென்ஸைக் கேனானுக்கு எதிர்த்திசையில் திருப்பி மாட்ட வேண்டும். இருட்டில் இன்றுவரை என் கை தப்பான பக்கமே போகிறது.

ஆட்டோ ஃபோகஸ்தான் நான் கண்ட மிகப் பெரிய மாற்றம். 60டி-யில் 9 ஃபோகஸ் புள்ளிகள், ஏ7 மார்க் 3-இல் 693. எண்ணிக்கையைவிட, கண்ணைத் தேடிப் பிடித்து விடாமல் தொடர்வதுதான் விஷயம். 2019-இல் வந்த ஃபர்ம்வேரில், அதாவது கேமராவின் உள் மென்பொருளில், விலங்குகளின் கண்ணையும் பிடிக்கத் தொடங்கியது, காசு கேட்காமல். இன்று கேனான், நிக்கான், சோனி மூன்றிலுமே புதிய பாடிகளில் இது நன்றாக இருக்கிறது. வேகமாக அசையும் எதையும் எடுப்பதில்லை என்பவர் இதற்காகப் புதுசுக்குப் போக வேண்டிய அவசியமில்லை.

சர்வீஸைப் பற்றி வாங்கும்போது யாரும் யோசிப்பதில்லை. என் லென்ஸ் ஒன்றில், உள்ளே வரும் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் அப்பர்ச்சர் இதழ்கள் சிக்கிக்கொண்டு, உதிரிபாகம் வர வாரக்கணக்கில் காத்திருந்தேன். எந்தக் கம்பெனி என்பது முக்கியமில்லை, எதிலும் நடக்கும். உங்களுக்கு எட்டும் தூரத்தில் எந்தப் பிராண்டுக்குச் சர்வீஸ் இருக்கிறது, நண்பர்களிடம் எந்த மவுன்ட் லென்ஸ் இருக்கிறது என்று விசாரியுங்கள். ஒரு லென்ஸை இரவல் வாங்கிப் பார்க்க முடிவது பத்து விமர்சனம் படிப்பதைவிடப் பயன்.

செகண்ட் ஹேண்ட் பாடியில் ஷட்டர் எண்ணிக்கையை, அதாவது அது இதுவரை எத்தனை முறை திறந்து மூடியது என்பதைக் கேளுங்கள். 60டி-யின் ஷட்டர் 1 லட்சம் முறைக்கு, ஏ7 மார்க் 3-உடையது 2 லட்சம் முறைக்குச் சோதிக்கப்பட்டவை. லென்ஸில் பின்பக்கமிருந்து டார்ச் அடித்துப் பார்த்தால் பூஞ்சை வலை போலத் தெரியும். தெரிந்தால் எவ்வளவு மலிவென்றாலும் விட்டுவிடுவேன்.

வீடியோ எனக்குப் பெரிதாகத் தெரியாது, அதைத் தொடவில்லை. கையிருப்பு குறைவாக இருப்பவருக்கு என் பரிந்துரை பழைய கேனான் டிஎஸ்எல்ஆர் ஒன்றும் 50 மி.மீ. எஃப் 1.8 எஸ்டிஎம் லென்ஸும். டிஎஸ்எல்ஆர் காலம் முடிந்துவிட்டது என்று எல்லோரும் விற்றுக்கொண்டிருப்பதால் பேரம் பேச இது நல்ல நேரம். பிறகு ஆர்எஃப்-க்குப் போனாலும் அந்த லென்ஸ் அடாப்டரோடு கூட வரும்.