டச் பேனலில் நிற்கும் அம்பு: எந்த வழியில் மறைப்பது?

திருப்பூர்ப் பக்கம் ஒரு சாயப்பட்டறை. அங்கே துணிக்குச் சாயமேற்றும் சாஃப்ட் ஃப்ளோ மிஷினின் டச் பேனலில் ஓடுவது இன்னும் விண்டோஸ் எக்ஸ்பிதான். 2001இல் வந்த எக்ஸ்பியை 2014 ஏப்ரலோடு மைக்ரோசாஃப்ட் கைகழுவிவிட்டது. ஆனால் மிஷின் ஓடும்வரை எந்த முதலாளியும் பேனலை மாற்ற மாட்டார். நான் போனது வேறு வேலைக்கு. “ஏனுங்ணா, இந்த அம்பைக் கொஞ்சம் எடுத்து உடுங்க, நம்பர் மேலயே வந்து நின்னுக்குது” என்றார் ஆபரேட்டர். பார்த்தால் 60 டிகிரியில் ஆறு மட்டும் தெரிகிறது, பூஜ்ஜியத்தின் மேல் அம்பு.

மவுஸே இல்லாத பேனலில் அம்பு எங்கிருந்து வந்தது? அழுத்தத்தை உணரும் பழைய ரெசிஸ்டிவ் டச் பெரும்பாலும் விண்டோஸிடம் தன்னை மவுஸ் என்றுதான் சொல்லிக்கொள்ளும். விரல் வைத்த இடத்துக்கு அம்பு தாவும், விரலை எடுத்த பிறகும் அங்கேயே நிற்கும். அதனால் டிவைஸ் மேனேஜரில் மவுஸை முடக்கும் யோசனையை விட்டுவிடுங்கள். கைதவறினால் டச்சும் சேர்ந்து போய்விடும், கீபோர்டு தேடி ஓட வேண்டியதுதான்.

ஒவ்வொரு தொடுதலுக்குப் பின்னும் அம்பை வலது கீழ் மூலைக்குத் தள்ளிவிடும் சின்ன புரோகிராம் ஒரு வழி. எழுதுவது சுலபம். ஆனால் விரலை எடுக்கும் முன்பே அம்பு நகர்ந்தால் பட்டன் அழுத்தியது பதிவாகாது. பம்பை நிறுத்தும் பட்டனில் இப்படி ஆனால் யார் பதில் சொல்வது? எனக்கு இது ஒத்துவரவில்லை.

திரை புரோகிராமின் சோர்ஸ், அதாவது மூல நிரல், கையில் இருந்தால் ஷோகர்சர் என்ற விண்டோஸ் அழைப்பு நல்லது. அது ஆன், ஆஃப் சுவிட்ச் அல்ல, எண்ணிக்கை. இரண்டு முறை மறைக்கச் சொன்னால் இரண்டு முறை காட்டச் சொன்னால்தான் அம்பு திரும்பும். விஷுவல் பேசிக்கில் எழுதுகிறவர்கள் இங்கேதான் தலையைப் பிய்த்துக்கொள்வார்கள். அந்த புரோகிராமின் ஜன்னல்களில் மட்டும் அம்பு மறையும், வேறு பிழைச்செய்தி வந்தால் தலைகாட்டும். அது எனக்கு வசதியாகவே படுகிறது. ஆனால் வெளிநாட்டிலிருந்து வந்த மிஷினுக்கு சோர்ஸ் யார் தருவார்கள்?

அதனால் நான் கடைசியில் போய் நின்றது ஒளிபுகும் கர்சர் கோப்பில். 32க்கு 32 புள்ளியில் ஒன்றுமே வரையாத ஒரு படம், அவ்வளவுதான். கண்ட்ரோல் பேனலில் மவுஸ் பகுதிக்குப் போய்ப் பாயிண்டர்ஸ் பட்டியலில் அதைப் போட வேண்டும். சாதாரண அம்பை மட்டும் மாற்றினால் போதாது. மணற்கடிகாரம், எழுத்துக்கோடு, கை எல்லாம் தனித்தனி, எக்ஸ்பியில் மொத்தம் 15. இந்த மாற்றம் பயனருக்குப் பயனர் வேறு. மிஷின் எந்தப் பெயரில் தானாக லாகின் ஆகிறதோ அதில்தான் செய்ய வேண்டும்.

எல்லாம் முடித்து டீ குடித்துவிட்டு வந்தேன். மின்சாரம் ஒருமுறை போய் வந்திருந்தது. அம்பு பழையபடி நடுவில்! அந்தப் பேனலில் இருந்தது எக்ஸ்பி எம்பெடட், மிஷின்களுக்கென்றே வந்த எக்ஸ்பி வகை. ரைட் ஃபில்டர் போட்டிருந்தார்கள். எழுதுவதெல்லாம் மெமரியில் மட்டும் நிற்கும், ரீஸ்டார்ட் ஆனால் அழிந்துவிடும். விண்டோஸ் இருக்கும் மெமரி கார்டு கெடாமல் இருக்கச் செய்த ஏற்பாடு அது. மறுபடி எல்லாம் போட்டு, மாற்றத்தைக் கார்டிலேயே பதியச் சொல்லும் கமிட் கட்டளை கொடுத்து, முறையாக ரீஸ்டார்ட் செய்த பிறகுதான் நிலைத்தது.

லினக்ஸ் பேனல் என்றால் இவ்வளவு பாடு இல்லை. திரையைக் காட்டும் எக்ஸ் சர்வரை நோகர்சர் விருப்பத்தோடு துவக்கினால் அம்பே வராது. அன்கிளட்டர் என்ற சின்ன புரோகிராமும் உண்டு, அம்பு சும்மா இருக்கும்போது மட்டும் மறைக்கும். டச்சுக்கு அது சரிவராது, ஒவ்வொரு தொடுதலுக்கும் மினுக்கும்.

அடுத்த வாரமே போன் வந்தது. மெயின்டனன்ஸ் தம்பி மவுஸைச் செருகிப் பார்த்துவிட்டு, “மவுஸ் டெட்டுங்ணா” என்றான். நல்லவேளை, மவுஸ் அமைப்பிலேயே கண்ட்ரோல் விசையை அழுத்தினால் அம்பு இருக்கும் இடத்தைச் சுற்றி வட்டம் காட்டும் வசதியை ஏற்கெனவே டிக் செய்து, கமிட்டும் செய்திருந்தேன். “கீபோர்டுல கண்ட்ரோலை அமுக்கு தம்பி” என்றேன். “அட, சுத்துதுங்ணா!”